கப்பல் காத்திருக்காது: க்ரூஸ் போகுமுன் நீங்கள் கேட்டவை

முதல் தடவை க்ரூஸ் (உல்லாசக் கப்பல் பயணம்) போகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பயணிகள் கப்பல்களில் வரவேற்பு மேசையில் 9 வருடம் வேலை பார்த்தேன். வேலையை விட்ட பிறகு பயணியாகவும் பல தடவை போய் வந்திருக்கிறேன். கேபின், துறைமுகம், பயண ஆவணம், உடம்பு, நேரம் பற்றிக் கேளுங்கள். எஞ்சின், கப்பல் கட்டுமானம் எல்லாம் எனக்குத் தெரிந்த துறை இல்லை.

கேள்வி: அக்கா, கப்பல் மாலை 5 மணிக்குக் கிளம்புகிறது. அன்றைக்கே காலை 11 மணிக்கு இறங்குகிற விமானம் மலிவாகக் கிடைக்கிறது. போட்டுவிடலாமா?

வேண்டாம். முந்தின நாளே போய்ச் சேருங்கள். 5 மணி என்பது கயிறு அவிழ்க்கிற நேரம். செக்-இன் அதற்கு ஒரு மணி, சில கப்பல்களில் ஒன்றரை மணி நேரம் முன்பே மூடிவிடும். பயணிகள் பட்டியல் அதிகாரிகளுக்குப் போய்விட்டால், நீங்கள் வாசலில் நின்று அழுதாலும் மேசையில் இருக்கிற பெண்ணால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த மேசையில் நான் இருந்திருக்கிறேன்.

இன்னொன்று, துறைமுகத்தின் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். விளம்பரத்தில் 'ரோம்' என்று இருக்கும், கப்பல் நிற்பது சிவிடவெக்கியாவில், ரோமிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். 'பாரிஸ்' என்றால் லே ஆவ்ர், அது 200 கிலோமீட்டர் பக்கம். 'பெர்லின்' என்று போட்டிருந்தால் வார்னமுண்டே, ரயிலில் மூன்று மணி நேரம் போகும். விமானம் சரியான நேரத்துக்கு இறங்கி, பெட்டி வராமல் போனாலும் சிக்கல்தான், ஏனென்றால் தினம் ஒரு ஊர் மாறுகிற கப்பலைத் துரத்திக்கொண்டு பெட்டி வந்து சேர்வது லேசில்லை.

'தவறினால் அடுத்த துறைமுகத்தில் ஏறிக்கொள்கிறேன்' என்று நினைப்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். எல்லா இடத்திலும் அது நடக்காது. அமெரிக்காவில் 1886ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று இன்னும் நடைமுறையில் இருக்கிறது. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், ஒரு அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றியவரை, தூரத்து வெளிநாட்டுத் துறைமுகம் எதையும் தொடாமல் வேறொரு அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கக் கூடாது. பெரும்பாலான க்ரூஸ் கப்பல்கள் வெளிநாட்டுக் கொடிதான். அதனால் சியாட்டிலில் ஏறி அலாஸ்கா போய் சியாட்டிலுக்கே திரும்புகிற கப்பலைத் தவறவிட்டு, வழியில் வரும் அலாஸ்கா துறைமுகமான கெச்சிக்கனில் போய் நின்றால் பொதுவாக ஏற்றிக்கொள்ள மாட்டார்கள்.

கேள்வி: எந்த கேபின் எடுப்பது? மாடிக்கு மாடி விலை மாறுகிறது, தலை சுற்றுகிறது.

கேபின் எண்ணைப் பார்க்குமுன், அதற்கு நேர் மேலே என்ன, நேர் கீழே என்ன என்று பாருங்கள். தள வரைபடம் எல்லாக் கப்பலுக்கும் கிடைக்கும். மேலேயும் கேபின், கீழேயும் கேபின் என்று இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே எடுத்தவர்கள் காலை 6 மணிக்கே இரவு உடையோடு என் மேசைக்கு வந்து நிற்பார்கள். மேலே சாய்வு நாற்காலிகளைத் துடைத்து வரிசையாக இழுத்துப் போடுவார்கள், ஒவ்வொரு காலும் தரையில் கிறீச்சிடுவது உங்கள் தலையணைக்கு மேலே கேட்கும். கப்பல் நிரம்பிவிட்டால் மாற்றுக் கேபின் கொடுக்க எங்களிடம் எதுவும் இருக்காது. அரங்கம், இரவு நடனக்கூடம் இவற்றுக்கு மேலே எடுத்தால் நள்ளிரவு வரை அதே கதை.

'கேரண்டி' என்று மலிவாக ஒரு வகை வரும். கேபின் வகை மட்டும் உறுதி, எந்த எண் என்பதை அவர்கள் பிறகு தருவார்கள். எங்கே போட்டாலும் தூங்குவேன் என்கிறவருக்கு நல்லது. தூக்கம் லேசானவர், வயதானவர்களோடு போகிறவர், வாந்தி வருகிறவர், நீங்கள் மூவரும் அதை எடுக்காதீர்கள்.

கேள்வி: எனக்குப் பேருந்திலேயே வாந்தி வரும். கப்பலில் தாங்குவேனா?

பெரும்பாலும் தாங்குவீர்கள். கீழ்த்தளத்தில், கப்பலின் நீளத்துக்கு நடுவில் கேபின் எடுங்கள். சீசா பலகையின் நுனியில் உட்காருவதற்கும் நடுவில் உட்காருவதற்கும் உள்ள வித்தியாசம்தான். பெரிய கப்பல்களுக்கு அடியில் இரண்டு பக்கமும் துடுப்பு மாதிரி நிலைநிறுத்திகள் இருக்கும். பக்கவாட்டு ஆட்டத்தை அவை நன்றாகக் குறைக்கும். முன்னும் பின்னும் தூக்கிப் போடுவதை அவற்றால் அவ்வளவாகத் தடுக்க முடியாது, அதனால்தான் முன்மூக்குப் பக்கம் கேபின் வேண்டாம் என்கிறேன். மாத்திரையை ஆட்டம் தொடங்குமுன் போட வேண்டும், தொடங்கியபின் போட்டால் பாதிப் பலன்தான். மெக்லிசின் என்கிற வாந்தித் தடுப்பு மாத்திரை தூக்கம் தரும். காதுக்குப் பின்னால் ஒட்டுகிற ஸ்கோபோலமைன் பட்டையை மருத்துவரைக் கேட்காமல் ஒட்டாதீர்கள், கண் அழுத்தம் உள்ளவர்கள் சிலருக்கு அது ஆகாது. தலை சுற்றினால் கேபினில் படுக்காமல் மேல்தளத்துக்கு வந்து தொடுவானத்தைப் பாருங்கள்.

கேள்வி: எந்தக் கம்பெனி நல்லது?

யார் யார் போகிறீர்கள், எத்தனை நாள், எங்கே என்று சொல்லாமல் இதற்குப் பதில் கிடையாது. விவரத்தோடு திரும்பக் கேளுங்கள்.

கேள்வி: ஐரோப்பாவுக்குள்தான் சுற்றுகிறது. பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா ஒன்று போதுமல்லவா?

பயணத் திட்டத்தை வரி வரியாகப் படியுங்கள். நடுவில் துருக்கி ஒரு நாள் வந்தால், ஷெங்கனை விட்டு வெளியே போய்த் திரும்ப உள்ளே வருகிறீர்கள். ஒருமுறை நுழைவு விசா இருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்ளும், பலமுறை நுழைவு விசா வேண்டும். துருக்கிக்கு உங்கள் பாஸ்போர்ட்டுக்கு விசா தேவையா என்பது தனிக் கேள்வி. 'நான் கப்பலை விட்டு இறங்கவே மாட்டேன்' என்றாலும், வழியில் இருக்கிற நாட்டின் விசா இல்லையென்றால் முதல் நாளே ஏற்ற மறுக்கக்கூடும். பயணம் முடிகிற தேதியிலிருந்து இன்னும் 6 மாதம் பாஸ்போர்ட் செல்லுபடியாக இருக்கட்டும். பல நாடுகளும் பல கம்பெனிகளும் அதைக் கேட்கின்றன. மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்று கேட்கிற வழித்தடமாக இருந்தால், ஊசி போட்ட 10ஆம் நாளிலிருந்துதான் சான்று செல்லும்.

கேள்வி: கப்பல் கிளம்புவது மதியம் 4 மணி. விமானம் காலை 9 மணிக்கே இறங்கிவிடுகிறது. இது பரவாயில்லைதானே?

முதல் பதிலைப் படியுங்கள். முந்தின நாள்.

கேள்வி: கரையில் இறங்கிச் சுற்ற, கப்பல் நடத்தும் சுற்றுலா எடுப்பதா, நாமே டாக்சி பிடிப்பதா?

இரண்டும் சரிதான், ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. கப்பலின் சுற்றுலாப் பேருந்து தாமதமானால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்துக்கு அவர்களே கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். நீங்களே போய்த் தாமதமானால் பொறுப்பு உங்களுடையது. நான் பயணியாகப் போகும்போது பெரும்பாலும் தனியாகத்தான் சுற்றுகிறேன். ஆனால் கடைசி நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே துறைமுக வாசலுக்கு வந்துவிடுவேன்.

கேள்வி: இது வீண் பயமுறுத்தல். நான் 25 நிமிடம் தாமதமாக வந்தேன், கப்பல் அங்கேயேதான் நின்றது. 200 பேர் இறங்கியிருக்கும்போது யாரையும் விட்டுவிட்டுப் போகமாட்டார்கள்.

ஐயா, நீங்கள் பத்திரமாக ஏறியது சந்தோஷம். ஆனால் கப்பல் உங்களுக்காக நின்றது என்று எப்படி முடிவு செய்தீர்கள்? எரிபொருள் ஏற்றி முடியாமல் இருந்திருக்கலாம், அல்லது கப்பலின் சொந்தப் பேருந்து ஒன்று வராமல் இருந்திருக்கலாம். கிளம்புகிற நேரத்துக்கு, கப்பலுக்கு வழிகாட்டுகிற துறைமுக பைலட் வந்து ஏறியாக வேண்டும், கப்பல் கட்டியிருக்கிற மேடைக்கு அடுத்த கப்பல் வரக்கூடும், மறுநாள் காலை அடுத்த துறைமுகத்திலும் ஒரு பைலட் குறித்த நேரத்துக்குக் காத்திருப்பார். அரை மணி நேரம் இங்கே போனால் இரவெல்லாம் வேகத்தைக் கூட்டி எரிபொருளைக் கொட்டித்தான் அதைப் பிடிக்க வேண்டும்.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஏற வேண்டிய கடைசி நேரம் 4.30. இரண்டு பேர் வரவில்லை. ஒலிபெருக்கியில் மூன்று தடவை கூப்பிட்டாயிற்று. பாதுகாப்புப் பிரிவுக்காரரும் நானும் அவர்கள் கேபினுக்குப் போய்ப் பெட்டகத்தைத் திறந்தோம். இரண்டு பாஸ்போர்ட்டையும் மேசையில் இருந்த மாத்திரை டப்பாவையும் உறையில் போட்டு, கீழே நின்ற துறைமுக ஏஜெண்டிடம் (கப்பல் கம்பெனியின் உள்ளூர்ப் பிரதிநிதி) கொடுத்தேன். இரவு விருந்துக்கு எடுத்து வைத்த சட்டை கட்டில்மேல் மடிப்புக் கலையாமல் கிடந்தது. கரையிலிருந்து ஏறுகிற பாலத்தை இழுத்துப் பத்து நிமிடம் ஆகியிருக்கும், இருவரும் மேடையில் ஓடி வந்தார்கள். அந்த அம்மா ஒரு கையில் செருப்பைப் பிடித்திருந்தார். கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் பத்தடித் தண்ணீர்தான் இருந்தது. கப்பல் போய்விட்டது.

கேள்வி: அவர்கள் ஏன் தாமதமானார்கள்? கவனக்குறைவுதானே. நேரம் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இது நடக்காது.

அவர்கள் நேரம் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்கள், கைபேசியில். அதுதான் பிரச்சினை. கப்பல் நேரம் வேறு, உள்ளூர் நேரம் வேறாக இருக்கலாம், கரையில் கால் வைத்ததும் கைபேசி தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். மெக்சிகோவின் கொசுமெல் தீவை எடுத்துக்கொள்ளுங்கள். அது இருக்கிற மாநிலம் வருடம் முழுக்க ஒரே நேரத்தில் இருக்கும், மயாமி கோடையில் ஒரு மணி நேரம் முன்னே போய்விடும். கப்பல் மயாமி நேரத்திலேயே ஓடினால், உங்கள் கைபேசி 3.30 காட்டும்போது கப்பலில் 4.30. சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொண்டு இறங்குங்கள். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

கேள்வி: கப்பல் சுற்றுலாவை விற்பதற்காகத்தான் இப்படிக் கிளப்பிவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

விற்பவர்கள் இந்தப் பயத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்பது உண்மை. பயத்துக்குக் காரணம் இருக்கிறது என்பதும் உண்மை. தனியாகப் போகிறேன் என்று நானே மேலே சொல்லியிருக்கிறேன், இரண்டு மணி நேரம் முன்னால் வாருங்கள் என்பதுதான் என் பேச்சு.

கேள்வி: சரி, ஒருவேளை தவறவிட்டால் என்ன செய்வது?

இதைத்தான் யாராவது கேட்க மாட்டார்களா என்று பார்த்தேன். தினமும் கேபினுக்கு வரும் நிகழ்ச்சி நிரலில், அல்லது கப்பலின் செயலியில், அன்றைய துறைமுக ஏஜெண்டின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கும். இறங்குமுன் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டின் நகல், ஒரு வங்கி அட்டை, ஒருநாள் மாத்திரை, இவை பையில் இருக்கட்டும். தவறினால் முதலில் ஏஜெண்டைப் பிடியுங்கள், கப்பலில் எடுத்து வைத்த பாஸ்போர்ட் அவரிடம் இருக்க வாய்ப்பு அதிகம்.

கேள்வி: கடலில் கைபேசி வேலை செய்யுமா?

கப்பல் நகர்ந்ததும் விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். கப்பலில் செயற்கைக்கோள் வழியாக ஒரு கைபேசிக் கோபுரம் இருக்கும், சாதாரண ரோமிங் திட்டம் எதிலும் அது பெரும்பாலும் அடங்காது. கம்பிவட இணைப்பு மாதிரி வேகத்தைக் கப்பல் வைஃபையில் எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: இஸ்திரிப் பெட்டி, பிளக் நீட்டிப்பு கொண்டுபோகலாமா?

இஸ்திரி, கெட்டில் கூடாது. மின்னழுத்தத் தடுப்பு (சர்ஜ் ப்ரொடெக்டர்) உள்ள நீட்டிப்பும் கூடாது. எல்லாமே தீப்பயம். பெட்டியைச் சோதிக்கும்போதே எடுத்து வைத்துவிட்டு இறங்கும்போது தருவார்கள்.

கேள்வி: மனைவி கர்ப்பமாக இருக்கிறார், பயணத்தின்போது 25 வாரம் இருக்கும். மருத்துவர் சரி என்றுவிட்டார்.

மருத்துவர் சரி என்றாலும் பெரும்பாலான கம்பெனிகள் 24ஆம் வாரம் தொடங்கியவர்களை ஏற்றுவதில்லை. பயண முடிவுத் தேதி வரை கணக்குப் போடுவார்கள். தேதியை மாற்றுங்கள். குழந்தை பிறந்த பிறகு போவதென்றால் குறைந்தது 6 மாதம், பெருங்கடலைத் தாண்டுகிற பயணம் என்றால் பொதுவாக ஒரு வயது கேட்பார்கள்.

கேள்வி: முதல் நாள் பாதுகாப்புப் பயிற்சியைத் தவிர்க்க முடியுமா? குழந்தைகள் சோர்ந்துவிடுகிறார்கள்.

முடியாது, முடிந்தாலும் வேண்டாம். 2012 ஜனவரி 13 அன்று கோஸ்டா கான்கார்டியா இத்தாலியின் ஜிலியோ தீவருகே பாறையில் மோதியது, 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை சிவிடவெக்கியாவில் ஏறியவர்கள் அப்போது பயிற்சியே செய்திருக்கவில்லை. ஏறி 24 மணி நேரத்துக்குள் செய்தால் போதும் என்றுதான் அன்றைய விதி இருந்தது. அதன் பிறகுதான் கிளம்புமுன்னரோ கிளம்பிய உடனேயோ செய்ய வேண்டும் என்று மாற்றினார்கள். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய் ஆபத்து நேரத்தில் உங்கள் கூடுமிடம் எது என்று காட்டுங்கள், கேபினிலிருந்து அங்கே ஒரு தடவை நடந்தும் பாருங்கள்.

கேள்வி: விமானம் அன்று காலை 7 மணிக்கு...

முந்தின நாள். தயவுசெய்து இனி இதைக் கேட்காதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 78 வயது, சக்கர நாற்காலி. கடல் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. கூட்டிப்போவது சரியா?

கூட்டிப்போங்கள். க்ரூஸ் மாதிரி அவர்களுக்கு ஏற்ற பயணம் குறைவு. ஒரே அறை, தினம் பெட்டி கட்ட வேண்டாம், எல்லாத் தளத்துக்கும் லிஃப்ட்.

சில வேலைகள் முன்கூட்டியே செய்ய வேண்டும். சக்கர நாற்காலிக்கான கேபின்கள் ஒரு கப்பலில் கொஞ்சம்தான், சீக்கிரம் தீர்ந்துவிடும். நாற்காலியின் அகலத்தை அளந்து கம்பெனியிடம் சொல்லுங்கள், சாதாரண கேபின் கதவு பெரும்பாலும் போதாது. கப்பலில் இருக்கிற நாற்காலிகள் ஏறவும் இறங்கவும் மட்டும்தான், பயணம் முழுக்கத் தரமாட்டார்கள். பயணத் திட்டத்தில் எந்தத் துறைமுகத்தில் மேடையில் கட்டுகிறார்கள், எங்கே நங்கூரம் போட்டுச் சிறு படகில் கொண்டுபோகிறார்கள் என்று கேளுங்கள். படகு ஆடும்போது நாற்காலியை ஏற்ற மறுக்கலாம். கிரேக்கத் தீவான சாண்டோரினி அப்படித்தான். படகிலிருந்து இறங்கினாலும் மேலே ஊருக்குப் போகக் கேபிள் கார், இல்லையென்றால் 500க்கும் மேற்பட்ட படிகள். அம்மாவுக்காகப் போவதென்றால் மேடையில் கட்டுகிற துறைமுகங்கள் நிறைய உள்ள வழித்தடமாக எடுங்கள்.

மருத்துவ வெளியேற்றத்தையும் சேர்த்துக் காப்பீடு கட்டாயம் எடுங்கள். கப்பலில் மருத்துவர் உண்டு, ஆனால் அது சிறு மருத்துவ மையம், பெரிய பிரச்சினை என்றால் கரைக்கு மாற்றுவார்கள், அந்தச் செலவு தாங்காது. மாத்திரைகள் கைப்பையிலேயே இருக்கட்டும். முதல் நாள் வாசலில் கொடுக்கிற பெட்டி கேபினுக்கு வர இரவு ஆகிவிடும்.

பணம் இடம் கொடுத்தால் அம்மாவுக்குப் பால்கனி எடுங்கள். வாசல்படி உயரம் இல்லாத பால்கனியா என்று கேட்டு எடுங்கள், சில கேபின்களில் நாலு விரல் உயரப் படி இருக்கும், நாற்காலி அதைத் தாண்டாது. துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் நேரத்தில் மேல்தளம் கூட்டமாக இருக்கும், அரை மணி நேரம் முன்பே போய்க் கம்பி ஓரம் நாற்காலியை நிறுத்தி பிரேக்கைப் போட்டுவிடுங்கள். ஒரு சால்வையும் எடுத்துக்கொள்ளுங்கள், வெயில் அடித்தாலும் மேலே காற்று பலமாக இருக்கும்.