4எச் போட்டும் ஒரு சக்கரம் மட்டும் சுற்றுகிறதே, ஏன்?

கேள்வி: என்னிடம் இருப்பது இசூஸு வி-கிராஸ், 1.9 லிட்டர் டீசல், ஆட்டோமேட்டிக், ஃபோர் வீல் டிரைவ். இசியு (இன்ஜின் கணினி) ரீமேப் செய்து திறனைக் கூட்டியிருக்கிறேன். ஏ.டி. (ஆல் டெரெய்ன்) டயர், வண்டியை உயர்த்த 2 இஞ்ச் லிஃப்ட். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் கால் மைல் ஓட்டிப் பார்த்தேன். லைனில் நின்று 4எச் (நாலு சக்கரமும் இழுக்கும் நிலை) போட்டுத்தான் கிளம்பினேன். ஆனாலும் வலது பின்சக்கரம் கீச்சிட்டுச் சுற்றி ஒற்றைக் கறுப்புக் கோடு போடுகிறது, பின்பக்கம் தடதடவென்று துள்ளுகிறது. முதல் இருபது மீட்டரிலேயே நேரம் போய்விடுகிறது. லோடு பாடியில் மணல் மூட்டை போடு என்கிறார் நண்பர். லாக்கர் (டிஃபரன்ஷியலைப் பூட்டும் கருவி) போட்டால்தான் சரியாகும் என்கிறார் மெக்கானிக். எதைச் செய்யட்டும்?
அம்பத்தூர் வாசகர்

பதில்: இரண்டையும் இப்போதைக்குச் செய்ய வேண்டாம். நீங்கள் போகிற போக்கில் எழுதிய “ஒற்றைக் கறுப்புக் கோடு” என்பதில்தான் பாதி விடை இருக்கிறது.

வி-கிராஸில் இருப்பது பார்ட்-டைம் ஃபோர் வீல் டிரைவ். முன் அச்சையும் பின் அச்சையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் நடுவில் கிடையாது. 4எச் விழுந்துவிட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முறுக்கை இரண்டு அச்சுக்கும் அனுப்பும் பெட்டி) முன் ஷாஃப்டையும் பின் ஷாஃப்டையும் ஒன்றாகப் பூட்டிவிடும். அதன் பிறகு இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றியாக வேண்டும். இப்போது யோசித்துப் பாருங்கள். முன்சக்கரம் இரண்டும் தரையைப் பிடித்து வண்டியின் வேகத்திலேயே உருள்கின்றன என்றால், பின் ஷாஃப்டும் அதே வேகத்தில்தான் சுற்றும். வலது பின்சக்கரம் அதைத் தாண்டி வேகமெடுக்க வேண்டுமானால் இடது பின்சக்கரம் அதே அளவுக்குப் பின்தங்க வேண்டும். நல்ல பிடிப்போடு நிற்கும் சக்கரம் அதைச் செய்யாது. ஆக, 4எச் உண்மையில் விழுந்திருந்தால், பின்னால் ஒரு சக்கரம் சுற்றும்போது முன்னாலும் ஒரு சக்கரம் சுற்றித்தான் தீரும். தரையில் ஒரே ஒரு கோடுதான் இருக்கிறது என்றால், நீங்கள் கிளம்பியது டூ வீல் டிரைவில்.

காரணம் பெரும்பாலும் சின்னது. லைனில் நின்றுகொண்டு குமிழைத் திருப்புகிறீர்கள். உள்ளே பற்களும் பற்களும் நேராக வந்தால்தான் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். வண்டி நிற்கும்போது அவை நேராக இல்லாவிட்டால் அப்படியே காத்திருக்கும். அந்த நேரத்தில் மீட்டரில் 4எச் விளக்கு கண் சிமிட்டிக்கொண்டிருக்கும். கிளம்பச் சொல்லும் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆள் மீட்டரைப் பார்ப்பதில்லை. அதனால் லைனுக்கு வரும் வழியிலேயே, நேராக உருளும்போது, 4எச் போடுங்கள். விளக்கு சிமிட்டாமல் நிலையாக எரிகிறதா என்று பார்த்துவிட்டு, இன்னும் பத்து மீட்டர் ஸ்டியரிங்கைத் திருப்பாமல் நேராக வந்து நில்லுங்கள்.

விளக்கு நிலையாக எரிந்தும் ஒற்றைக் கோடுதான் விழுகிறது என்றால், முன் அச்சை இணைக்கும் ஆக்சுவேட்டரைச் சந்தேகப்பட வேண்டும். அதைச் சோதிக்க ஒரு மண் தரை போதும். 4எச்-ல் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து, நடக்கும் வேகத்தில் ஒரு அரை வட்டம் போடுங்கள். யாரோ பிரேக்கைப் பிடித்து இழுப்பதுபோல் வண்டி முரண்டு பிடித்தால் முன் அச்சு இணைந்திருக்கிறது. வெண்ணெயாகத் திரும்பினால் இணையவில்லை. இதைத் தார்ச்சாலையில் செய்து பார்க்காதீர்கள்; அந்த முறுக்கு முழுவதும் கியர் பற்களில் போய் உட்காரும்.

சரி, ஏன் வலது பின்சக்கரமே சுற்றுகிறது? நீளவாக்கில் இன்ஜினும் பின்னால் திட அச்சும் உள்ள வண்டிகளில் இது பழைய கதை. ஷாஃப்டின் முறுக்கு பின் அச்சையே ஒரு பக்கமாகச் சாய்க்கப் பார்க்கும். இடது சக்கரம் தரையில் அழுந்தும், வலது சக்கரம் லேசாகும். சாதா டிஃபரன்ஷியல் லேசான சக்கரத்தைத்தான் சுற்றவிடும். நம் ஊரில் டிரைவர் வலது பக்கம் உட்கார்வதால் அவர் எடை இதைக் கொஞ்சம் ஈடுகட்டுகிறது என்பது ஒரு ஆறுதல்.

இப்போது மணல் மூட்டைக்கு வருவோம். காலியான பிக்கப்பில் எடை முன்னால் கூடுதலாக இருக்கும். தோராயமாக 57:43 என்று வைத்துக்கொள்ளுங்கள். வி-கிராஸின் வீல்பேஸ் 3,095 மி.மீ. எடை மையம் தரையிலிருந்து 70 செ.மீ. உயரத்தில் இருப்பதாகவும், உலர்ந்த தாரில் ஏ.டி. டயரின் உராய்வுக் கெழு 0.8 என்றும் எடுத்துக்கொண்டால், கிளம்பும்போது பின்னால் சாயும் எடையையும் சேர்த்து, பின்சக்கரங்கள் மட்டும் தள்ளினால் 0.42ஜி-க்கு (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்) மேல் வேகமெடுப்பு கிடைக்காது. அதற்கு மேல் ஆக்சிலரேட்டரை மிதித்தால் புகைதான். நாலு சக்கரமும் இழுத்தால் அதே டயரில், அதே தரையில், வரம்பு 0.8ஜி. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இந்த வித்தியாசத்தை எந்தக் கடையிலும் காசு கொடுத்து வாங்க முடியாது. உங்கள் வண்டியில் ஏற்கெனவே இருக்கிறது.

டூ வீல் டிரைவில் மணல் மூட்டை உதவும், உண்மைதான். பின்சக்கரத்தின் மேல் எடை கூடும், பிடிப்பு கூடும். ஆனால் நாலு சக்கரமும் இழுக்கும்போது வண்டியின் முழு எடையும் ஏற்கெனவே இழுக்கும் சக்கரங்கள் மேல்தான் இருக்கிறது. 100 கிலோ கூட்டினால் பிடிப்பு கூடும் அளவுக்கே இழுக்க வேண்டிய சுமையும் கூடும்; கணக்கு நேராகிவிடும், இன்ஜினுக்குத்தான் தண்டம். கட்டாத மூட்டை பிரேக் போடும்போது எங்கே வந்து இடிக்கும் என்பது தனிக் கவலை. உங்களுக்கு வேண்டியது நேர் எதிர்: டூல் பாக்ஸ், கேனப்பி (லோடு பாடியின் மேல்மூடி), பின்சீட்டில் கிடக்கும் சாமான் எல்லாவற்றையும் இறக்குங்கள். 60 லிட்டர் டீசல் மட்டும் 50 கிலோ. கால் டேங்க் போதும்.

டயர் விஷயத்தில் கொஞ்சம் நிதானிக்கலாம். ஏ.டி. டயரின் பெரிய பெரிய கட்டைகள் சேற்றுக்காகச் செய்தவை. தாரில் முழு முறுக்கு வரும்போது ஒவ்வொரு கட்டையும் நெளியும். பிடிப்பதற்குள் ஒரு கணம் வீணாகும். டிராக்தான் முக்கியம் என்றால் எச்.டி. (ஹைவே டெரெய்ன்) டயர் நல்லது. ஆனால் வார நாளில் ஆபீஸும் வார இறுதியில் மண் பாதையும் போகும் வண்டிக்கு டயரை மாற்றச் சொல்ல மாட்டேன். காற்றைச் சரிசெய்தாலே நிறையக் கிடைக்கும். டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவில் தொடங்கி, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் 2 பிஎஸ்ஐ குறையுங்கள். டிரெட்டின் குறுக்கே, ஓரம் முதல் ஓரம் வரை, சாக்பீஸால் தடிமனாக ஒரு கோடு போட்டு, நேராகக் கொஞ்ச தூரம் உருட்டிவிட்டு இறங்கிப் பாருங்கள். நடுவில் மட்டும் சாக் அழிந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் அழிந்து நடுவில் நின்றால் ரொம்பக் குறைத்துவிட்டீர்கள். சீராக அழியும் அளவுதான் உங்கள் அளவு. காலி வண்டியில் அது 26, 28 பக்கம் வரலாம். 24-க்குக் கீழே போகவே வேண்டாம். கால் மைலின் கடைசியில் மணிக்கு 120 கி.மீ.-ஐ ஒட்டிய வேகத்தில் பிரேக் பிடிக்கப் போவதும் இதே டயரில்தான்.

நாலு டயரும் ஒரே மாடல், ஒரே அளவு தேய்மானம் உள்ளவையாக இருக்க வேண்டும். முன்னால் பழசு, பின்னால் புதுசு என்றால் சுற்றளவு மாறும். பூட்டிய 4எச்-ல் நேராகப் போகும்போதே இரண்டு அச்சும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும்.

சென்னை வெயிலையும் கணக்கில் எடுங்கள். காலை 28 டிகிரியில் 28 பிஎஸ்ஐ வைத்த டயர், மதியம் உள்ளே 50 டிகிரி தொட்டால் சுமார் 3 பிஎஸ்ஐ ஏறியிருக்கும். காலையில் வைத்த காற்று என்று நம்பி மதியம் ஓட்டிவிட்டு, டிராக் மாறிவிட்டது என்று புலம்புபவர்களைப் பார்க்கத்தான் செய்கிறோம். ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் கேஜ் வைத்துப் பாருங்கள். அப்புறம், தரையில் தண்ணீர் ஊற்றி டயரைச் சுற்றவிடும் இடம் இருந்தால் அதைச் சுற்றிக்கொண்டு போங்கள். அது வரியில்லாத ஸ்லிக் டயருக்கு. உங்கள் டயரின் வரிகள் தண்ணீரை அள்ளிக்கொண்டு லைன் வரை வரும். நாலு சக்கரத்தையும் வைத்துக்கொண்டு புகை கிளப்புவதும் வேண்டாம்.

துள்ளல் பற்றி. முறுக்கு வரும்போது பின் அச்சு எதிர்த்திசையில் திரும்பப் பார்க்கும். லீஃப் ஸ்பிரிங் எஸ் மாதிரி வளையும். டயர் பிடி விட்டதும் பட்டென்று நிமிரும். டயர் மறுபடி பிடிக்கும், ஸ்பிரிங் மறுபடி வளையும். அந்தத் தடதடப்பு இதுதான். உங்கள் 2 இஞ்ச் லிஃப்ட் பின்னால் எப்படிச் செய்யப்பட்டது என்று குனிந்து பாருங்கள். ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவில் ஒரு இரும்புக் கட்டையைச் சொருகியிருந்தால், அது நெம்புகோல் மாதிரி வேலை செய்து இந்த வளைவை அதிகமாக்கும். யு-போல்ட் இறுக்கம், ஸ்பிரிங் புஷ், ஷாக் அப்சார்பர் கசிவு மூன்றையும் பார்த்துவிடுங்கள். டிராக்ஷன் பார் என்று ஒன்று உண்டு, அச்சைத் திரும்பவிடாமல் பிடிக்கும். ஆனால் 4எச் ஒழுங்காக விழுந்தாலே பின் அச்சுக்குப் போகும் முறுக்கு பகிர்ந்துகொள்ளப்படும். துள்ளல் பெரிதும் அடங்கிவிடும் என்றே நினைக்கிறேன். லிஃப்ட் இன்னொரு விதத்திலும் எதிரி. எடை மையம் உயர்ந்தால் கிளம்பும்போது முன்சக்கரத்திலிருந்து இன்னும் அதிக எடை பின்னால் போய்விடும்.

கிளம்பும் விதம். உங்களுடையது ஆட்டோமேட்டிக், நல்லதாகப் போயிற்று. இடது காலால் பிரேக்கை அழுத்தி, வலது காலால் 1,500 ஆர்பிஎம் பக்கம் கொண்டுவந்து நிறுத்துங்கள். ஷாஃப்ட், கியர் எல்லாவற்றிலும் இருக்கும் லூஸ் முதலில் எடுபடும். டர்போவும் விழிக்கத் தொடங்கும். இரண்டு மூன்று விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் கன்வெர்ட்டர் எண்ணெய் கொதித்துவிடும். பிரேக்கை விட்டதும் ஆக்சிலரேட்டரை ஒரே மிதியாக மிதிக்காமல், அரை விநாடி எடுத்து அழுத்துங்கள். நாலு சக்கரமும் பிடித்துவிட்டால், இந்த வண்டியில் உங்களைத் தாமதப்படுத்தப் போவது டயர் அல்ல, டர்போ தாமதம்தான். 4எல்-ல் (ஊர்ந்து போவதற்கான தாழ்ந்த கியர் நிலை) கிளம்பினால் இன்னும் வேகமாகப் போகலாமே என்று சிலர் கேட்பார்கள். தொடவே தொடாதீர்கள்.

டிராக்ஷன் கண்ட்ரோலில் இரண்டு வேலை உண்டு. சுற்றும் சக்கரத்துக்குத் தனியாக பிரேக் போட்டு மறுபக்கம் முறுக்கை அனுப்புவது நமக்கு நண்பன். இன்ஜினை அமுக்குவது எதிரி. பட்டனை எவ்வளவு நேரம் அழுத்தினால் எது அணையும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். கையேட்டில் படித்துவிட்டு, இரண்டு விதமாகவும் ஓட்டி நேரத்தை ஒப்பிடுங்கள்.

லாக்கர் பற்றி உங்கள் மெக்கானிக் சொன்னது முழுக்கத் தவறில்லை. ஆனால் ஒன்று. டூ வீல் டிரைவில் அளவுக்கு மீறி முறுக்கு வந்தால் டயர் சுற்றிவிடும். டயர்தான் அங்கே ஃபியூஸ். நாலு சக்கரமும் பிடித்து, டிஃபும் பூட்டிவிட்டால் அந்த ஃபியூஸ் போய்விடும். அடுத்து உடையப்போவது எது? முன்பக்க டிரைவ் ஷாஃப்ட், டிரான்ஸ்ஃபர் கேஸ் செயின், யு-ஜாயின்ட், இப்படி எது பலவீனமோ அது. லிஃப்ட் வண்டியில் முன் டிரைவ் ஷாஃப்ட் ஏற்கெனவே சாய்வான கோணத்தில் இயங்குகிறது, ரீமேப் வேறு. புதுப்பேட்டையில் பழைய ஷாஃப்ட் தேடி அலைய ஆசை இருந்தால் தவிர, இந்த வண்டிக்கு லாக்கர் இப்போது தேவையில்லை.

பிக்கப்பால் இது முடியுமா என்ற சந்தேகம் வேண்டாம். 1991-ல் அமெரிக்காவில் ஜிஎம்சி சைக்ளோன் என்று ஒரு பிக்கப் வந்தது: 4.3 லிட்டர் டர்போ வி6, 280 குதிரைத்திறன், எப்போதும் நாலு சக்கரமும் இழுக்கும், முறுக்கு முன்னால் 35, பின்னால் 65 என்ற பங்கீடு. அங்கே ஒரு கார் இதழ் நடத்திய சோதனையில் கால் மைலில் ஃபெராரி 348-ஐயே முந்தியது. அது தாழ்வாக, தாருக்கென்றே செய்த வண்டி என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மாற்றம் வேலை செய்ததா என்று தெரிந்துகொள்ள முழு கால் மைல் நேரத்தைப் பார்க்காதீர்கள். முதல் 60 அடி, அதாவது 18.3 மீட்டர், அதன் நேரம்தான் கிளம்பலின் மதிப்பெண். போன் ஜிபிஎஸ் இதற்கு உதவாது. விநாடிக்குப் பத்து முறையாவது பதியும் கருவி வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நாலு டயரின் பக்கச்சுவரிலும் சாக்பீஸால் ஒரு குறி போட்டு, பாதுகாப்பான இடத்திலிருந்து நண்பரை ஸ்லோ மோஷனில் எடுக்கச் சொல்லுங்கள். எந்தச் சக்கரம் முந்திச் சுற்றுகிறது என்பது அதில் தெரிந்துவிடும். மணல் மூட்டைக்குப் பதில் அவருக்கு இந்த வேலை.

இதையெல்லாம் ஈசிஆரிலோ ஓஎம்ஆரிலோ நள்ளிரவில் சோதித்துப் பார்க்கலாம் என்ற நினைப்பு இருந்தால் விட்டுவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆவது பிரிவின்படி, மாநில அரசின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் பொது இடத்தில் பந்தயமோ வேகச் சோதனையோ நடத்தினால் முதல் முறையே 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஓட்டம் முடிந்ததும், திரும்பும் வழிக்கு வளைவதற்கு முன்பே 2எச்-க்கு (டூ வீல் டிரைவ்) மாற்றிவிடுங்கள். வளைந்த பிறகு மாற்றினால் முறுக்கு இறுகி, கியர் வெளியே வர மறுக்கும்; வந்தது மாதிரி தெரிந்தாலும் விளக்கு அணைந்ததா என்று பாருங்கள். டிராக்கிலிருந்து வெளியே வரும்போது முதல் பங்க்கில் நிறுத்தி டயரில் காற்றை ஸ்டிக்கர் அளவுக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். பெங்களூரு நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே திடீரென்று லேன் மாற வேண்டி வந்தால் 26 பிஎஸ்ஐ போதாது.