குழிக்குள் விழுந்த ரயரும் ஓல்-சீசன் குழப்பமும்: கேள்வி பதில்

மாசி, பங்குனியில் ஸ்நோ உருகிப் பிறகு உறையும்போது ஒன்ராறியோ வீதிகள் குழியாகிவிடும். கேள்விகளும் அப்போதுதான் குவியும்.

ஸ்காபரோ: அண்ணா, குழி ஒண்டுக்குள்ள முன் சில்லு இறங்கினது. காத்துப் போகேல்லை. ஆனா ரயரின்ரை பக்கத்தில முட்டை மாதிரி வீங்கியிருக்கு. ஒட்டிப் பாவிக்கலாமோ? கார் கொரொல்லா.

ஏலாது, தம்பி. குழியின் விளிம்புக்கும் றிம்முக்கும் இடையில் நசுங்கும்போது ரயரின் பக்கத்தில் உள்ள நூல்கள் அறுகின்றன. வெளி இறப்பர் முழுசாக இருக்கும். நூல் இல்லாத இடத்தில் காற்று அதைப் புடைக்கத் தள்ளுகிறது. அந்த இடத்தைத் தாங்குவது இப்போது வெறும் இறப்பர்தான். நாளைக்கும் வெடிக்கலாம், மூன்று மாதம் கழித்தும் வெடிக்கலாம். நெடுஞ்சாலை 401இல் ஏறவே வேண்டாம்.

கராஜ் வரைக்கும் ஸ்பெயார் சில்லில் போங்கள். அந்த மெல்லிய ஸ்பெயாருக்கு 60 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காற்று வேண்டும். பல வருடம் டிக்கியில் கிடந்தது பாதிக் காற்றோடுதான் இருக்கும். மணிக்கு 80 கிலோமீற்றரைத் தாண்டாதீர்கள். வீதியில் ஸ்நோ இருந்தால், நல்ல பின் சில்லொன்றை முன்னுக்குக் கொண்டுவந்து ஸ்பெயாரைப் பின்னுக்குப் போடுங்கள். உங்கள் காரை இழுப்பது முன் சில்லுகள்.

புது ரயர் போடும்போது றிம்மின் உள்விளிம்பைச் சுழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். வெளியால் ஒரு கீறலும் இல்லாத றிம் உள்ளே வளைந்திருப்பது வழமை. 100இல் போகும்போது ஸ்டியரிங் நடுங்குமானால் முதல் சந்தேகம் அதன்மேல்தான். கார் ஒரு பக்கம் இழுத்தால் அலைன்மென்ட், அதாவது சில்லுகள் நிற்கும் கோணம், பிசகியிருக்கும்.

அதே குழிக்கு நகரசபையிடம் காசு கேட்கலாமா?

கேட்கலாம். ஆனால் ஒன்ராறியோவில் 10 நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். திகதி, நேரம், எந்தச் சந்திக்குக் கிட்ட, எந்தப் பக்க லேன், குழியின் படம், ரயரின் படம், பில். நெடுஞ்சாலை 401 மாகாணத்துடையது. அதற்கு நகரசபையிடம் போய்ப் பயனில்லை. காசு வரும் என்று நம்பி இராதீர்கள்: வீதியைப் பார்த்துத் திருத்த மாகாணம் வகுத்த குறைந்தபட்ச விதிகளைப் பின்பற்றியதாகக் காட்டினால் நகரசபை தப்பிவிடும்.

மார்க்கம்: ரயரின் நடுவில் ஆணி. சில்லைக் கழற்றாமல் வெளியிலிருந்தே கயிறு மாதிரி ஒன்றைக் குத்தி ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். போதுமா?

வீட்டுக்குப் போய்ச் சேரப் போதும். ரயரை றிம்மிலிருந்து கழற்றி உள்ளே பார்க்காமல் செய்தது திருத்தம் ஆகாது. துளையை இறப்பர்த் தண்டால் அடைத்து, உட்பக்கம் ஒட்டும் போட வேண்டும். தண்டு இல்லாவிட்டால் தண்ணீர் இறங்கி உள்ளிருக்கும் உருக்குக் கம்பி துருப்பிடிக்கும். ஒட்டு இல்லாவிட்டால் காற்று மெல்லக் கசியும்.

துளை 6 மில்லிமீற்றருக்குள், தரையில் படும் ட்ரெட் பகுதிக்குள் இருந்தால்தான் ஒட்டலாம். ஓரமும் பக்கமும் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிரும் இடங்கள். அங்கே ஒட்டு நிற்காது. காற்றில்லாமல் கொஞ்ச தூரம் ஓடியிருந்தால் உள்ளே கறுப்புத் தூள் கிடக்கும். தூளைக் கண்டால் ரயர் முடிந்தது, துளை எவ்வளவு சிறிதாக இருந்தாலும் சரி. போத்தலில் வரும் பசையை அடித்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கழற்றுகிறவர் உங்களைத் திட்டமாட்டார்.

அஜாக்ஸ்: நாலு சில்லும் இழுக்கிற சுபாரு. ஒரு ரயர் கிழிஞ்சு போச்சு, மற்ற மூன்றும் பாதி தேய்ஞ்சது. ஒண்டு மட்டும் வாங்கினால்?

இதில்தான் மிச்சம்பிடிக்கப் போய் அதிகம் செலவழிக்கிறார்கள். புது ரயரின் சுற்றளவு கூட. தேய்ந்தது ஒவ்வொரு நிமிடமும் கூடத் தடவை சுற்றும். அந்த வித்தியாசத்தை டிரான்ஸ்மிஷன் ஓயாமல் சமாளித்துச் சூடாகிறது. சுபாரு அனுமதிப்பது சுற்றளவில் கால் அங்குலம், அதாவது ட்ரெட் ஆழத்தில் ஏறக்குறைய 1 மில்லிமீற்றர். புதிது 8 மில்லிமீற்றர், பாதி தேய்ந்தது 5 என்றால் கணக்கு ஒத்துவராது. நாலையும் மாற்றுங்கள். முன் சில்லால் மட்டும் ஓடும் காரில் இரண்டு போதும். அந்தப் புது இரண்டும் பின்னுக்கு. முன்னுக்கு என்று பலர் அடம்பிடிப்பார்கள். பின்னுக்குப் போடச் சொல்வதற்குக் காரணம், மழையில் பின்பக்கம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும் என்பதுதான்.

பிராம்ப்ரன்: ஓல்-சீசன் எண்டால் நாலு காலத்துக்கும் எண்டுதானே? பிறகேன் வின்ரர் ரயர் வாங்கச் சொல்லுறியள்?

பெயர் வைத்தவரைத்தான் கேட்க வேண்டும். கனடாவில் அதை மூன்று காலத்து ரயர் என்று எடுங்கள். வெப்பநிலை 7 பாகைக்குக் கீழ் போகும்போது அதன் இறப்பர் இறுகத் தொடங்கும்; மைனஸ் 15இல் ஐசைப் பிடிக்காது. ரயரின் பக்கத்தில் உள்ள எம்+எஸ் (சேறும் ஸ்நோவும்) என்ற எழுத்தும் ட்ரெட்டின் வடிவத்தைத்தான் சொல்கிறது, பரீட்சை எழுதிப் பெற்ற சான்றிதழ் அல்ல.

ஒரே செற் தான் வைத்திருப்பேன் என்றால் ஓல்-வெதர் என்று கேளுங்கள். ஓல்-சீசன் வேறு, ஓல்-வெதர் வேறு. பின்னதன் பக்கத்தில் மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் ஸ்நோத் துகளும் பொறித்திருக்கும். ஸ்நோவில் இழுவையை அளந்த பிறகே அதைப் பொறிக்கலாம். மிஷெலின் குறொஸ்கிளைமேற் 2, ரோயோ செல்சியஸ் 2, பிரிட்ஜ்ஸ்ரோன் வெதர்பீக் எல்லாம் இந்த வகை. நகருக்குள், உழுது உப்புப் போட்ட வீதிகளில் ஓடுகிறவருக்கு நல்ல தெரிவு. ஆனால் அந்தப் பரீட்சை ஐசில் பிரேக் பிடிப்பதை அளப்பதில்லை. விடிய நாலு மணிக்கு வேலைக்குப் போகிறவர், வடக்கே பாரி, ஒறிலியாப் பக்கம் ஓடுகிறவர், தனி வின்ரர் ரயரே வாங்குங்கள்.

ஒன்ராறியோவில் 2016 தை முதல் வின்ரர் ரயருக்குக் காப்புறுதிக் கழிவு கொடுத்தே ஆகவேண்டும். ஓல்-வெதருக்கும் தருவார்களா என்று உங்கள் கொம்பனியிடம் வாங்கமுதல் கேளுங்கள்.

மொன்றியாலுக்கு வீடு மாறுகிறோம். ஓல்-வெதர் செல்லுமா?

மலைச் சின்னம் இருந்தால் செல்லும். கியூபெக்கில் பதிந்த கார்களுக்கு மார்கழி 1 முதல் பங்குனி 15 வரை அது கட்டாயம். வெறும் எம்+எஸ் அங்கே செல்லாது.

என் ரயரில் 215/55R17 94V. 91 போட்டது மலிவாகக் கிடைக்கிறது.

வேண்டாம். 94 என்பது ஒரு ரயர் 670 கிலோ தாங்கும் என்ற குறி. 91 என்றால் 615. ஐந்து பேரும் கோயில் சாமானும் ஏறும் நாளில் அந்த 55 கிலோ தெரியும். கூடலாம், குறையக்கூடாது. ரயரின் பக்கத்தில் DOT என்று தொடங்கும் குறியின் கடைசி நாலு இலக்கத்தையும் பாருங்கள்: 2324 என்றால் 2024இன் 23ஆம் கிழமையில் செய்தது.

குளிர் விடியலில் ரயர் விளக்கு எரிகிறது, மத்தியானம் அணைகிறது. ஓட்டையா?

அநேகமாகக் குளிர்தான். 5, 6 பாகை குறைய 1 பிஎஸ்ஐ குறையும். கார் ஓடமுதல், சாரதிக் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுக்கு நிரப்புங்கள்; ரயரில் பொறித்திருப்பது உச்ச அளவு, அதற்கு நிரப்பக்கூடாது. நாலில் ஒன்று மட்டும் கிழமைக்குக் கிழமை இறங்கினால் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றிக் குமிழி பாருங்கள், வால்விலும் றிம் ஓரத்திலும்.

புது ரயர் போட்டாச்சு. இனி?

80 முதல் 100 கிலோமீற்றர் ஓடியபின் நட்டுகளை ரோர்க் ரென்ச்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் சாவி) திரும்ப இறுக்குங்கள். கொரொல்லாவுக்கு 103 நியூட்டன் மீற்றர். வேறு கார் என்றால் கையேட்டில் இருக்கும்.