வகுப்பு முடிந்ததும் ஓடுகிறவர்

அன்புள்ள ஐயா,

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் வகுப்பில் ஒருவர் எங்களைவிடப் பத்து வயது மூத்தவர். காலையில் வகுப்பு, மதியத்துக்கு மேல் வேலை, வீட்டில் நான்கு வயதுக் குழந்தை. மணி அடிக்கும்போது வருவார், முடிந்ததும் கிளம்பிவிடுவார். இந்தப் பருவத்தில் எங்கள் ஐந்து பேர் செயல்திட்டக் குழுவில் அவரும் இருக்கிறார். இரவு எட்டு மணிக்குக் காணொளியில் வைத்த இரண்டு கூட்டங்களுக்கும் அவர் வரவில்லை. மற்றவர்கள் முணுமுணுக்கிறார்கள். எனக்கு அவரோடு பழக ஆசை. “எப்படித்தான் எல்லாத்தையும் சமாளிக்கிறீங்க!” என்று ஒருமுறை கேட்டேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார். அக்கா என்று கூப்பிடலாமா என்றுகூடத் தெரியவில்லை.

க.

அன்புள்ள க.,

அந்தக் கேள்விக்குச் சிரிப்பதைத் தவிர அவரால் என்ன செய்ய முடியும்? பதில் சொல்லத் தொடங்கினால் அரை மணி நேரம் ஆகும். அவரிடம் இல்லாதது அதுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். வேலை 30, போக்குவரத்து 8, ஒரு நாளைக்கு ஏழு மணி நேரத் தூக்கம் என்றால் 49. வகுப்பு 15; ஒரு மணி நேர வகுப்புக்கு இரண்டு மணி நேரம் படிக்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு, ஆக இன்னும் 30. மிச்சம் 36. நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் சொச்சம். சமையல், துவையல், குழந்தையைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் அதற்குள். அதுவும் சேர்ந்தாற்போல் கிடைப்பதில்லை. இரவு எட்டு மணி, நான்கு வயதுக் குழந்தையைத் தூங்க வைக்கும் நேரம். உங்கள் கூட்டத்துக்கு அதைவிட மோசமான நேரம் தேடினாலும் அகப்படாது.

கூட்டத்தை எல்லாரும் கல்லூரியில் இருக்கும்போதே வையுங்கள். இரண்டு வகுப்புகளுக்கு நடுவே இருபது நிமிடம் போதும். முடிவானதைப் பொது ஆவணத்தில் ஐந்து வரியில் எழுதுங்கள்: என்ன, யார், எந்தத் தேதிக்குள். குரல்பதிவாக அனுப்பாதீர்கள், குழந்தை தூங்கும் அறையில் அதைக் கேட்க முடியாது. அவர் நள்ளிரவில் பதில் போட்டால் நீங்கள் காலையில் பார்த்தால் போதும்.

வேலையைப் பிரிப்பதில்தான் பெரும்பாலான குழுக்கள் சறுக்குகின்றன. ‘பாவம், அவருக்கு நேரமில்லை’ என்று, எல்லாரும் எழுதியதை ஒன்றாகக் கோக்கும் வேலையை அவரிடம் தள்ளுவார்கள். பார்க்கச் சின்ன வேலை. ஆனால் மற்ற நால்வரும் முடிக்கும்வரை அதைத் தொடவே முடியாது. கடைசி இரவில் வந்து விழும். அவருக்கு யாருக்காகவும் காத்திருக்கத் தேவையில்லாத ஒரு முழுப் பகுதியைக் கொடுங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது முந்தைய வேலையின் மிச்சம் மனத்தில் தங்கிப் புதியதை மந்தமாக்குகிறது என்று மேலாண்மைத் துறை ஆய்வாளர் சோஃபி லெராய் 2009இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. நான்கு துண்டு வேலைகளைவிடப் பெரிதான ஒரே வேலை அவருக்கு எளிது.

குழுவுக்கென்று ஒரு கெடு வையுங்கள், உண்மையான கெடுவுக்கு மூன்று நாள் முன்பாக. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் காப்பகத்தில் சேர்க்க மாட்டார்கள். மருந்தில்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாதிருந்தால்தான் வரலாம் என்று பல இடங்களில் விதியே உண்டு. ஒரு காய்ச்சல் இரண்டு மூன்று நாளை விழுங்கிவிடும். மேடையில் அவர் பேச வேண்டிய பகுதியை இன்னொருவரும் படித்து வைத்திருக்கட்டும்.

இனி பழகுவது. “ஏதாவது உதவி வேணும்னா சொல்லுங்க” என்பது நல்ல மனசுதான், ஆனால் என்ன உதவி என்று யோசிக்கும் வேலையும் அவர் தலையில் விழுகிறது. “நீங்க வராத நாளோட குறிப்பை அன்னைக்கு ராத்திரியே அனுப்பிடறேன்” என்று சொல்லுங்கள், சொன்னபடி அனுப்புங்கள். ஆசிரியர் கொடுக்கும் படவில்லைகள் அவரிடமே இருக்கும். அதில் இல்லாததுதான் அவருக்குத் தேவை: கரும்பலகையின் புகைப்படம், மாறிய தேதி, ‘இது தேர்வில் வரும்’ என்று வாய்மொழியாகச் சொன்னது.

பேசுவதற்கு வகுப்பறையிலிருந்து வாசல்வரை கூடவே நடந்தால் போதும். குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள், வீட்டில் யார் யார் என்று துருவ வேண்டாம். அவராகச் சொன்னால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாடத்தைப் பற்றிக் கேளுங்கள். நீங்கள் ஏட்டில் படிப்பதை அவர் வேலையிடத்தில் நேரில் பார்த்திருக்கக்கூடும். அவரிடமிருந்து நீங்களும் பெற வேண்டும். இல்லாவிட்டால் அது நட்பாகாது, தொண்டாகிவிடும்.

எங்காவது போகும்போது அவரையும் அழையுங்கள். எத்தனை மணிக்கு முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், குழந்தையோடு வரலாமென்றால் அதையும். மூன்று முறை முடியாது என்பார். நான்காவது முறை அழைக்காமல் விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. அக்கா என்று கூப்பிடுவதை அவரிடமே கேட்டுவிடுங்கள். சிலருக்கு அது பிடிக்கும், சிலர் வகுப்பில் பெயர் சொல்வதையே விரும்புவார்கள்.

முணுமுணுப்பவர்கள் விஷயம். அவர் பங்கை யாரும் சத்தமில்லாமல் செய்து முடிக்க வேண்டாம். இந்த வாரம் எவ்வளவு முடியும் என்று தொடக்கத்திலேயே அவரிடம் நேராகக் கேளுங்கள். முடியாதென்றால் வேலையை மாற்றிக்கொள்ளலாம். ஆசிரியரிடம் கூடுதல் அவகாசம் வேண்டுமென்றால் கெடுவுக்கு முன்பே அவர் கேட்கட்டும். அவரைக் கேட்காமல் அவருக்காக நீங்கள் போய்ப் பேசாதீர்கள்.