சிறுவயதுப் பொம்மைக் கார்களில் ஏதாவது இன்னும் உங்களிடம் இருக்கிறதா? பழைய டை-காஸ்ட் கார் சேகரிக்க ஆசை, எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

ஒன்றே ஒன்று இருக்கிறது. அதுவும் கார் இல்லை, பஸ். முன்சக்கரம் இரண்டும் கிடையாது, பக்கவாட்டு விளம்பரம் கிடையாது, சிவப்புப் பெயின்ட் பாதிதான் மிச்சம். சேகரிப்பவர்கள் கணக்கில் அது குப்பை.

1975இல் அப்பச்சி, அதாவது என் அப்பா, பினாங்கிலிருந்து சிதம்பரம் கப்பலில் வந்தார்கள். பெட்டிக்குள் கோடாலித் தைலம், கைலி, ஆத்தாவுக்குச் சேலை. எல்லாவற்றுக்கும் அடியில் உள்ளங்கை அளவு அட்டைப்பெட்டி. மேட்ச்பாக்ஸ் என்ற இங்கிலாந்துப் பொம்மை வண்டி வரிசையில் 17ஆம் நம்பர், லண்டன் மாடி பஸ், பக்கத்தில் பெர்ஜர் பெயின்ட் விளம்பரம். எனக்கு எட்டு வயது. எங்கள் ஊரில் மாடி என்றால் வீட்டுக்குத்தான். பஸ்ஸுக்கும் மாடி கட்டுவார்கள் என்பதை நம்பவே இரண்டு நாள் ஆனது.

செட்டிநாட்டுப் பள்ளத்தூர் வீட்டில் அப்போது ஐந்து புள்ளி, அதாவது ஐந்து குடும்பம். பிள்ளைகளை எண்ணினால் பதினொன்று. முற்றத்தைச் சுற்றிய வளவில் ஆத்தங்குடிக் கல் பாவியிருக்கும்; கல்லில் ஓரமாகச் சுற்றிப் போகும் கொடி டிசைன்தான் எங்களுக்கு ரோடு. தேக்குத் தூண் ஒவ்வொன்றும் ஒரு ஊர்: காரைக்குடி, புதுவயல், தேவகோட்டை, அறந்தாங்கி. அறந்தாங்கித் தூணுக்குப் பக்கத்தில் அப்பத்தா வெற்றிலைப் பெட்டியோடு உட்கார்ந்திருப்பார்கள். அங்கே மட்டும் பஸ் சத்தம் போடாமல் போக வேண்டும்.

பெரியப்பா மகனிடம் எனக்கு முன்பே ஒரு பழைய மேட்ச்பாக்ஸ் கார் இருந்தது. தள்ளினால் நாலு கல் தாண்டி நின்றுவிடும். என் பஸ்ஸோ லேசாகத் தொட்டாலே தேவகோட்டையைத் தாண்டிவிடும். கை ராசி என்று பீற்றிக்கொண்டேன். அது கை ராசி இல்லை என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. 1968இல் அமெரிக்காவில் மேட்டல் கம்பெனி ஹாட் வீல்ஸ் கார்களை இறக்கியது. சக்கரங்களைக் கோக்கும் அச்சு மெல்லியது, சக்கரம் வழுக்கிக்கொண்டு ஓடும். மேட்ச்பாக்ஸ் செய்த லெஸ்னி கம்பெனிக்கு வியாபாரம் ஆட்டம் கண்டது. மறு வருடமே அவர்களும் அச்சை மெலிதாக்கி 'சூப்பர்ஃபாஸ்ட்' என்று பெயர் வைத்தார்கள். அண்ணனுடையது அதற்கு முந்தைய தடித்த அச்சு, என்னுடையது பிந்தையது. அவ்வளவுதான் சங்கதி.

ஓடுகிற வண்டிக்கு ஒரு ஆபத்தும் உண்டு. வளவுத் தரை முற்றத்தைப் பார்த்து வாட்டமாக இருக்கும். ஒரு நாள் பஸ் முற்றத்தில் விழுந்து, உருண்டு, மழைத்தண்ணீர் போகிற தூம்புக்குள் நுழைந்துவிட்டது. மூங்கில் குச்சியில் கம்பி கட்டி இழுத்ததில் பஸ் வந்தது, முன் அச்சு வரவில்லை. அழுதுகொண்டே தூங்கிப்போனேன். காலையில் எழுந்தால் பஸ்ஸைக் காணோம். அப்பத்தா குத்துவிளக்கு, செம்போடு சேர்த்து அதையும் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். "சேறா இருந்துச்சு ராசா, வெளக்கி வச்சிட்டேன் பாரு." விளம்பரம் வெறும் ஒட்டுத்தாள், ஊறி உரிந்து போயிருந்தது. பெயின்ட் போன இடமெல்லாம் சாம்பல் பூத்திருந்தது.

பித்தளைக்குப் புளி மருந்து, இதற்கு விஷம். இந்தப் பொம்மைகள் பெரும்பாலும் துத்தநாகம், அதில் நூற்றுக்கு நாலு பங்கு அளவு அலுமினியம், கொஞ்சம் தாமிரமும் மக்னீசியமும். உருக்கி எஃகு வார்ப்பச்சுக்குள் அழுத்திச் செலுத்துவார்கள்; அதுதான் டை-காஸ்ட். புளிப்பு பட்டால் துத்தநாகம் அரிக்கும். எலுமிச்சை, வினிகர் எதுவுமே ஆகாது. துடைக்க வெறும் தண்ணீரும் இளசான தூரிகையும் போதும், ஒட்டுத்தாள் இருந்தால் தண்ணீரும் வேண்டாம்.

வாங்கும்போது முதலில் கவிழ்த்துப் பாருங்கள். அடித்தகட்டைப் பிடித்திருக்கும் ரிவிட்டில் துளை போட்ட அடையாளம் இருந்தால், யாரோ பிரித்து மறுபெயின்ட் அடித்திருக்கிறார்கள். இது தெரியாமல் இணையத்தில் ஒருவரிடம் 'அசல் பெயின்ட்' ஜாகுவார் வாங்கி ஏமாந்தேன். கதவு இடுக்கில் பழைய பச்சை எட்டிப் பார்த்தது. அடுத்தது வெடிப்பு. டிங்கி என்பது இங்கிலாந்தின் இன்னொரு பழைய பொம்மைக் கார் வரிசை; இரண்டாம் உலகப்போருக்கு முந்தைய டிங்கி கார்கள் சில, கண்ணாடி அலமாரியில் இருந்தபடியே உப்பி, விரிந்து, பொடியாகும். வார்க்கும்போது ஈயம் கலந்துவிட்டதால் வந்த வியாதி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றாது, ஆனால் வைத்தியமும் இல்லை. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக உண்டு. இனாமல் சட்டி, பீங்கான் ஜாடி, கதவு நிலை என்று மலைபோலக் கிடக்கும். அதற்கு நடுவே எப்போதாவது பிஸ்கட் டின்னுக்குள் நாலு கார் இருக்கும். அவசரப்பட்டுக் காரைத் தொடாதீர்கள். முதலில் ஜாடியை விலை கேளுங்கள். இது பத்து வருட அனுபவம்.

என் கருத்தைக் கேட்டால், எல்லோரும் துரத்தும் இங்கிலாந்துச் சரக்கைவிட நம் ஊர்ச் சரக்குதான் சுவாரசியம். லிவர்பூலில் டிங்கி கார் செய்த பழைய வார்ப்பச்சுகள் சில 1960களின் கடைசியில் கல்கத்தாவுக்கு வந்தன. அங்கே அவற்றில் வார்த்து 'நிக்கி டாய்ஸ்' என்று விற்றார்கள். தேய்ந்த வார்ப்பச்சு, அதனால் விளிம்பெல்லாம் மழுங்கியிருக்கும். அடியில் டிங்கி பெயரைச் சுரண்டிய தடம் தெரியும். அந்தத் தடத்துக்காகவே வாங்கலாம். அந்த வரிசையில் ஒரு வேன் உண்டு, ஸ்டாண்டர்ட் 20. டிங்கியின் அட்லஸ் வேன் வார்ப்பச்சுதான், ஆனால் நிஜ ஸ்டாண்டர்ட் 20 மெட்ராஸில் செய்த வண்டி என்பதால் அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். எங்களைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போனது அப்படி ஒரு வேன்தான். ஏழு பேர் உட்காரும் இடத்தில் பதினைந்து பேர்.

அறுபது வண்டிக்கு மேல் சேர்ந்துவிட்டது, அந்த வேன் மட்டும் இன்னும் அகப்படவில்லை. யாரிடமாவது இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். சக்கர அச்சு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, புளி போட்டுத் தேய்த்ததாக இருந்தாலும் சரி.