ஃப்ரேசல் வெர்ப்: கேட்ட கேள்விகளும் டீச்சரின் பதில்களும்

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளின் ஒரு மதிப்பெண் பகுதியில் ஃப்ரேசல் வெர்ப் (வினைச்சொல்லோடு 'அப்', 'ஆஃப்' போன்ற சிறு சொல் சேர்ந்து ஒரே வினையாக அர்த்தம் தருவது) கேட்பது வழக்கம். அது பற்றி மாணவர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுக்கு ஆங்கில ஆசிரியை ஒருவர் பதில் தருகிறார்.

டீச்சர், கைடில் நீளமாகப் பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். இன்று படித்தால் நாளைக்கு மறந்துவிடுகிறது. எப்படிப் படிப்பது? (பத்தாம் வகுப்பு மாணவி)

மறக்கத்தான்மா செய்யும். 'லுக் ஆஃப்டர், லுக் ஃபார், லுக் இன்டு' என்று வரிசையாக ஒப்பித்தால் எல்லாம் ஒரே மாதிரி காதில் விழும், எதற்கு எது அர்த்தம் என்று குழம்பிவிடும். பட்டியலை மூடி வைத்துவிட்டு, உன் வீட்டில் நடப்பதை வைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் எழுது. சைக்கிள் சாவியைத் தேடினாயா, அது 'லுக் ஃபார்'. பாட்டியை அம்மா பார்த்துக்கொள்கிறாரா, அது 'லுக் ஆஃப்டர்'. ஒரே நாளில் 'லுக்' குடும்பத்தையே படிக்காதே. இன்று ஒன்று, இரண்டு நாள் கழித்து இன்னொன்று.

இன்னொன்றும் சொல்கிறேன். 'பார்' என்றால் கண்ணால் பார்ப்பது. 'பார்த்துக்கொள்' என்றால் கவனித்துக்கொள்வது. இந்த வித்தியாசத்தை யாரும் உனக்குப் பட்டியல் போட்டுச் சொல்லித்தரவில்லை, கேட்டுக் கேட்டே வந்தது. 'லுக்' என்பதோடு 'ஆஃப்டர்' சேரும்போது நடப்பதும் கிட்டத்தட்ட அதுதான். அதனால் இரண்டு சொல்லையும் பிரிக்காமல் ஒரே வினையாக மனதில் வைத்துக்கொள்.

'சிட் ஆன் த சேர்' என்பதும் ஃப்ரேசல் வெர்ப்தானா? (ஒன்பதாம் வகுப்பு மாணவன்)

இல்லை தம்பி. அங்கே உட்காருவது உட்காருவதாகவே இருக்கிறது, 'ஆன்' இடத்தை மட்டும் காட்டுகிறது. 'கிவ் அப்' என்பதில் யாரும் எதையும் கொடுக்கவில்லை, கைவிடுகிறார்கள். தேர்வில் பெரும்பாலும் கேட்பது இப்படி அர்த்தம் மாறுகிற வகையைத்தான்.

'ஸ்விட்ச் ஆஃப் இட்' என்று எழுதினேன், தப்பு என்று வட்டம் போட்டுவிட்டார்கள். 'ஸ்விட்ச் ஆஃப் த ஃபேன்' மட்டும் எப்படிச் சரி? (பதினொன்றாம் வகுப்பு மாணவன்)

நல்ல கேள்வி, கைடுகளில் இதை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். 'ஃபேன்' போன்ற பெயர்ச்சொல் வந்தால் இரண்டு இடத்திலும் வைக்கலாம்: 'ஸ்விட்ச் ஆஃப் த ஃபேன்', 'ஸ்விட்ச் த ஃபேன் ஆஃப்'. ஆனால் 'இட், ஹிம், தெம்' வந்தால் நடுவில்தான் வைக்க வேண்டும்: 'ஸ்விட்ச் இட் ஆஃப்'. 'புட் இட் ஆன்', 'டேக் இட் ஆஃப்', 'த்ரோ தெம் அவே' எல்லாம் இந்த வகை.

அப்புறம், பிரிக்கவே முடியாத வகையும் உண்டு. 'லுக் ஆஃப்டர் ஹர்' சரி, 'லுக் ஹர் ஆஃப்டர்' கிடையாது. 'புட் அப் வித்' (பொறுத்துக்கொள்வது) போல மூன்று சொல்லாக வருவது பெரும்பாலும் சேர்ந்தேதான் நிற்கும். எது எந்த வகை என்பதற்குக் குறுக்குவழி கிடையாது. அதனால் நோட்டில் எழுதும்போதே 'இட்' சேர்த்து எழுதிவிடு. 'புட் ஆஃப்' என்று எழுதாமல் 'புட் இட் ஆஃப்' என்றே எழுதிப் பழகினால், பரீட்சையில் கை தானாகச் சரியாகப் போகும்.

'கால் ஆஃப்', 'புட் ஆஃப்' இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. மழையால் விளையாட்டு விழா அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போனால் 'புட் ஆஃப்'. இனி நடக்கவே நடக்காது என்று ரத்து செய்துவிட்டால் 'கால் ஆஃப்'. வாக்கியத்தில் 'அன்டில் மண்டே' மாதிரி வேறு தேதி தெரிந்தால் கண்ணை மூடிக்கொண்டு 'புட் ஆஃப்' போடு.

என் மகள் 'கோப் அப் வித்' என்று எழுதியதற்கு மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். ஆபீஸில் எல்லோரும் அப்படித்தானே பேசுகிறோம்? (ஒரு அப்பா)

பேசுகிறோம் சார், ஆனால் சரியானது 'கோப் வித்' மட்டும்தான். 'கீப் அப் வித்', 'புட் அப் வித்' இரண்டும் காதில் பழகிவிட்டதால் 'அப்' இங்கேயும் வந்து ஒட்டிக்கொண்டிருக்கலாம். 'பாஸ் அவுட்' என்பதிலும் கவனம் வேண்டும். கல்லூரி முடித்ததை நம் ஊரில் அப்படிச் சொல்கிறோம், ஆனால் அகராதிகளில் அதற்கு முதலில் வரும் அர்த்தம் மயங்கி விழுவது. மகள் எழுதியது நம்மைச் சுற்றி எல்லோரும் பேசுவதைக் கேட்டுத்தான். அதற்காகத் திட்டாதீர்கள்.

அடிக்கோடிட்ட சொல்லுக்குப் பதிலாக ஃப்ரேசல் வெர்ப் எழுதச் சொன்னால், அர்த்தம் தெரிந்தும் மார்க் போகிறது. (பன்னிரண்டாம் வகுப்பு மாணவி)

காலத்தைப் பார்க்காமல் விட்டிருப்பாய். அடிக்கோடு 'டிஸ்கவர்ட்' என்ற சொல்லுக்குக் கீழே இருந்தால் விடை 'ஃபவுண்ட் அவுட்', 'ஃபைண்ட் அவுட்' இல்லை. 'எக்ஸ்டிங்விஷ்ட்' (தீயை அணைத்தார்கள்) வந்தால் 'புட் அவுட்' அப்படியே நிற்கும், ஏனென்றால் 'புட்' இறந்தகாலத்திலும் 'புட்' தான். பின்னால் வரும் சொல்லையும் கவனி. 'டாலரேட்' வந்தால் 'புட் அப் வித்' என்று முழுதாக எழுத வேண்டும். 'வித்' விட்டுப்போனால் விடை தப்பு.

கடிதம், கட்டுரையில் ஃப்ரேசல் வெர்ப் போட்டால் கூடுதல் மார்க் கிடைக்குமா?

அதற்காகத் தனியாகக் கிடைக்காது. நண்பனுக்கு எழுதும் கடிதத்தில் இயல்பாக வந்தால் அழகாக இருக்கும். தலைமையாசிரியருக்கு எழுதும் விண்ணப்பத்தில் 'புட் ஆஃப்' என்பதைவிட 'போஸ்ட்போன்' பொருத்தமாக இருக்கும். 'கேரி அவுட்' (செய்து முடிப்பது) இரண்டு வகைக் கடிதத்திலும் பொருந்தும்.

பரீட்சைக்குப் பத்து நாள்தான் இருக்கிறது. என்ன செய்யட்டும் டீச்சர்?

புதுப் பட்டியல் எதையும் எடுக்காதே. பாடப்புத்தகப் பயிற்சிகளில் வந்ததையும் பழைய வினாத்தாள்களில் வந்ததையும் மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுது. தேர்வு அறையில் விடைகளைப் பார்ப்பதற்கு முன் கோடிட்ட இடத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார். 'எ ஃபயர் ______ இன் த மார்க்கெட்' என்றால் தீ பிடித்தது, 'ப்ரோக் அவுட்'. 'தே ______ த ஃபயர்' என்றால் தீயை யாரோ அணைத்தார்கள், 'புட் அவுட்'. தமிழில் அந்த வாக்கியத்தை மனதுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, அதற்கு அப்புறம் அ, ஆ, இ, ஈ விடைகளுக்குப் போ.