நாஜிகளை ஆட்சியில் ஏற்றியது பிரச்சாரமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கல்லூரியில் ஐரோப்பிய வரலாறு நடத்துகிறேன். முதல் உலகப்போர் முடிந்ததிலிருந்து 1933 வரையிலான ஜெர்மனி பற்றி, குறிப்பாக நாஜிகளின் பிரச்சாரம் பற்றி, கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஈரோட்டுக்காரன்: சார், "ஒரு பொய்யைத் திரும்பத் திரும்பச் சொன்னால் உண்மையாகிவிடும்" என்று கோயபல்ஸ் எந்த வருடம் சொன்னார்? நம்மூர் மேடைகளில் தினமும் கேட்கிற வசனம் ஆயிற்றே.

அவர் அப்படிச் சொன்னதற்கு நம்பத்தகுந்த ஆதாரமே கிடையாது. பொய் பெரிதாக இருந்தால் ஜனங்கள் நம்பிவிடுவார்கள் என்று ஹிட்லர் தன் நூலில் எழுதியிருக்கிறார். ஆனால் அது யூதர்களின் வேலை என்று குற்றம் சாட்டித்தான் எழுதினார். 1941 ஜனவரியில் கோயபல்ஸும் ஏறக்குறைய அதே பழியைச் சர்ச்சில் மீது போட்டுக் கட்டுரை எழுதினார். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இந்த மாதிரி ஆட்கள் "பொய் சொல்லப் போகிறேன்" என்று மேடை ஏறுவதில்லை. எல்லாரும் உங்களை ஏமாற்றுகிறார்கள், நான் ஒருவன்தான் உண்மை பேசுகிறேன் என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

அரசியல் அறிவியல் மாணவி: 1928 தேர்தலில் 2.6 சதவீதம், 1930இல் 18.3, 1932 ஜூலையில் 37.3. நாலே வருடத்தில் இவ்வளவு வளர்ச்சிக்குப் பிரச்சாரம் மட்டுமே காரணமா, சார்?

இல்லையம்மா. அவர்களிடம் 1928லும் பத்திரிகை இருந்தது, கொடி இருந்தது, பேச்சாளர்கள் இருந்தார்கள். கிடைத்தது 12 இடம். நடுவில் 1929இன் பொருளாதாரச் சரிவு வந்தது. 1932 தொடக்கத்தில் வேலையில்லாதவர்கள் சுமார் 60 லட்சம் பேர்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நாஜிகள் சொன்ன மிக முக்கியமான பொய் அவர்கள் உண்டாக்கியதே இல்லை. 1918 செப்டம்பர் கடைசியில், உடனே போர்நிறுத்தம் கேளுங்கள் என்று அரசை நெருக்கியவர் ராணுவத் தளபதி லூடன்டார்ஃப். தோல்வி உறுதி என்று அவருக்குத் தெரியும். மக்களுக்குத் தெரியாது. தணிக்கைக்கு உட்பட்ட பத்திரிகைகள் அதுவரை வெற்றியைத்தான் எழுதிக்கொண்டிருந்தன. நவம்பர் 11 அன்று போர்நிறுத்தத்தில் கையெழுத்துப் போட்டது யார்? எர்ட்ஸ்பெர்கர் என்ற சிவிலியன் அரசியல்வாதி. அடுத்த வருடம் நாடாளுமன்ற விசாரணைக் குழு முன் போர்க்கால ராணுவத் தலைவர் ஹிண்டன்பர்க் வந்து நின்று, ராணுவத்தை உள்நாட்டிலிருந்தே முதுகில் குத்திவிட்டார்கள் என்றார். நாடே கும்பிட்ட மனிதர் சொன்னால் யார் மறுப்பது? எர்ட்ஸ்பெர்கரை 1921இல் சுட்டுக் கொன்றார்கள். தோற்ற தளபதிகள் தங்கள் மானத்தைக் காப்பாற்றக் கட்டிய கதை அது. பத்து வருடம் பாடப்புத்தகத்திலும் சர்ச்சுகளிலும் ஊறிய பிறகுதான் நாஜிகள் அதை வைத்து ஓட்டு வாங்கினார்கள். மரியாதைப்பட்டவர்கள் வாயிலிருந்து வந்த பொய்க்குத்தான் வீரியம் அதிகம் என்று நான் நினைக்கிறேன்.

விவசாயி மகன்: கிராமத்து ஜனங்கள் எப்படி விழுந்தார்கள், ஐயா?

நல்ல கேள்வி, தம்பி. வடக்கே ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் முழுக்கப் பண்ணையும் கால்நடையுமான பகுதி. 1928இல் நாஜிகளுக்கு அங்கே 4 சதவீதம்தான். 1932 ஜூலையில் 51. விளைபொருள் விலை விழுந்தது, கடன் ஏறியது, ஜப்தியும் ஏலமும் வந்தன. எந்தக் கட்சியும் எட்டிப்பார்க்கவில்லை.

நாஜிகளுக்கு ஒரு சிக்கல் இருந்தது. 1920இல் வெளியிட்ட 25 அம்சத் திட்டத்தை மாற்றவே மாட்டோம் என்று அறிவித்திருந்தார்கள். அதில் 17ஆவது அம்சம், இழப்பீடு தராமல் நிலத்தை எடுக்கலாம் என்றது. நிலம் வைத்திருப்பவன் ஓட்டுப் போடுவானா? 1928 ஏப்ரலில் ஹிட்லர் ஒரு விளக்கம் விட்டார்: அது நிலத்தில் சூதாடும் யூதக் கம்பெனிகளுக்கு மட்டும்தான். ஒரே வரியில் விவசாயியின் பயத்தைப் போக்கி, கோபத்தை வேறொருவர் மேல் திருப்பிவிட்டாயிற்று.

அப்புறம், ஆட்கள். ஃப்ரிட்ஸ் ரைன்ஹார்ட் என்பவர் பேச்சாளர்களுக்குத் தபால்வழிப் பள்ளி நடத்தினார். மாதிரிப் பேச்சு வீட்டுக்கு வரும். அதை மனப்பாடம் செய்து, கண்ணாடி முன் நின்று பேசிப் பழக வேண்டும். கூட்டத்தில் எழக்கூடிய கேள்விகளுக்குத் தயார் பதில்கள் வைத்திருக்க வேண்டும். இப்படித் தேறி வந்த உள்ளூர் ஆள், தேர்தல் இல்லாத மாதங்களில்கூட ஊர் ஊராகப் போய்ப் பேசினான். மற்ற கட்சிகள் தேர்தலுக்குத் தேர்தல்தான் வரும். கேட்க ஆள் வருகிறதே என்பதே கிராமத்தில் பெரிய விஷயம்.

கணக்குப்பிள்ளை: இதற்கெல்லாம் பணம்? தொழிலதிபர்கள்தானே கொடுத்தார்கள்?

1933க்கு முன் பெருந்தொழில்களின் பணம் பெரும்பாலும் மற்ற வலதுசாரிக் கட்சிகளுக்குத்தான் போயிற்று. நாஜிகள் கட்சிச் சந்தா வாங்கினார்கள், பத்திரிகை விற்றார்கள், கூட்டத்துக்கு நுழைவுக் கட்டணம் வசூலித்தார்கள். காசு கொடுத்துப் பேச்சு கேட்க வந்தார்கள் ஜனங்கள்! எந்தத் தலைப்புக்குக் கூட்டம் சேர்கிறது என்பது வசூலிலேயே தெரிந்துவிடும். சேராத தலைப்பை விட்டுவிடுவார்கள். தொழிலதிபர்களைக் கூட்டி, தேர்தல் நிதியாக 30 லட்சம் மார்க் திரட்டியது 1933 பிப்ரவரி 20இல். அப்போது ஹிட்லர் பிரதமர் ஆகிவிட்டார்.

இரவுப்பறவை: அப்படியானால் யூத வெறுப்புக்காக ஓட்டு விழவில்லையா?

ஊருக்கு ஊர் வேறுபடும். லோயர் சாக்ஸனியில் நார்த்ஹைம் என்ற சிற்றூரில் 1932 ஜூலையில் 62 சதவீதம் நாஜிகளுக்குப் போட்டார்கள். அங்கே கூட்டங்களில் அதிகம் பேசப்பட்டது தேசமும், மதமும், கம்யூனிஸ்ட் பயமும். யூத வெறுப்பு எடுபடாத இடத்தில் அடக்கி வாசித்தார்கள். அதனால் வாக்காளர்கள் ஒன்றும் அறியாதவர்கள் என்று அர்த்தமில்லை. எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும், அது தங்களுக்குப் பெரிய விஷயமில்லை என்று ஒதுக்கிவிட்டுப் போட்டார்கள். எனக்கு இந்த வரலாற்றிலேயே ஆறாத இடம் இதுதான்.

பெர்லினில் அடக்கி வாசிக்கவில்லை. அங்கே காவல்துறைத் துணைத் தலைவர் பெர்ன்ஹார்ட் வைஸ், யூதர், உலகப்போரில் அயர்ன் கிராஸ் வீரப்பதக்கம் வாங்கிய அதிகாரி. கோயபல்ஸ் 1927இல் தொடங்கிய 'டெர் அங்கிரிஃப்' பத்திரிகை அவருக்கு, யூதர் என்று குத்திக்காட்ட, 'இசிடோர்' என்று பட்டப்பெயர் சூட்டி வாராவாரம் கேலிச்சித்திரம் போட்டது. வைஸ் வழக்கு மேல் வழக்குப் போட்டு ஜெயித்தார். வெறும் வாயை மெல்லும் கிழவிக்கு அவல் கிடைத்த மாதிரி, ஒவ்வொரு தீர்ப்பையும் கோயபல்ஸ் அடுத்த இதழின் செய்தியாக்கினார். கடைசியில் அவருடைய நிஜப்பெயரை விட அந்தப் பட்டப்பெயர்தான் ஊருக்குத் தெரிந்தது. ஆட்சி மாறியதும் அவர் நாட்டை விட்டே தப்பி ஓட வேண்டியதாயிற்று.

திரைப்பித்தன்: அடிதடிக் கட்சியை நடுத்தர வர்க்கம் எப்படி ஏற்றது?

அடிதடியும் பிரச்சாரம்தான். 1930 டிசம்பர் 5, பெர்லின் நோலன்டார்ஃப் சதுக்கத்துத் தியேட்டரில் போரின் கோரத்தைக் காட்டும் ஓர் அமெரிக்கப் படம். கோயபல்ஸின் ஆட்கள் டிக்கெட் வாங்கி உள்ளே உட்கார்ந்து, நாற்றக் குண்டு வீசி, வெள்ளை எலிகளை அவிழ்த்துவிட்டார்கள். அடுத்தடுத்த நாட்களில் வெளியே ஊர்வலம், கலாட்டா. 11ஆம் தேதி தணிக்கை வாரியம் படத்தையே தடை செய்தது. கலவரம் செய்தவர்களுக்குப் பயந்து அரசு படத்தைத் தூக்கியது என்பதை ஊரே பார்த்தது.

1932 ஜூலை 17 அன்று ஹாம்பர்க் அருகே ஆல்டோனாவில், கம்யூனிஸ்ட் தொழிலாளர்கள் வாழும் தெருக்கள் வழியாகச் சீருடையோடு வேண்டுமென்றே ஊர்வலம் போனார்கள். 18 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியான பொதுமக்கள். பத்திரிகை படிக்கிற கடைக்காரருக்கு மிஞ்சிய செய்தி: நாடு கெட்டுப்போயிற்று, ஒரு பலத்த கை வேண்டும். தெருவைக் கெடுத்தவனே ஒழுங்கைக் கொண்டுவருவேன் என்று ஓட்டுக் கேட்டான்.

ஸ்மார்ட்போன் தாத்தா: அன்று ரேடியோ, இன்று வாட்ஸ்அப். சரிதானே?

பாதிதான் சரி, ஐயா. 1933க்கு முன் ரேடியோ அரசு பிடியில் இருந்தது; 1932இல் கிடைத்த ஓரிரு பேச்சைத் தவிர நாஜிகளுக்கு அதில் இடம் கிட்டவில்லை. போஸ்டர், கூட்டம், ஊர்வலம், விமானத்தில் பறந்து ஒரே நாளில் பல ஊரில் பேசுவது, இவற்றால்தான் 37 சதவீதம் வாங்கினார்கள். 76 மார்க்குக்கு மலிவு ரேடியோப் பெட்டி வந்தது 1933 ஆகஸ்டில், ஆட்சி கைக்கு வந்த பிறகு.

சந்தேகப் பிராணி: 37 சதவீதம் பெரும்பான்மை இல்லையே. எப்படிப் பிரதமர் ஆனார்?

இதைத்தான் எதிர்பார்த்திருந்தேன். 1932 நவம்பர் தேர்தலில் அவர்கள் 33.1 சதவீதத்துக்கு இறங்கினார்கள். 20 லட்சம் ஓட்டுப் போயிற்று, கஜானாவும் காலி. அப்போது லிப்பே என்ற குட்டி மாநிலத்தில் தேர்தல் வந்தது. மொத்தமே ஒரு லட்சம் ஓட்டுப் பக்கம்தான். ஹிட்லரையும் எல்லாப் பெரிய பேச்சாளர்களையும் அங்கே இறக்கினார்கள். 1933 ஜனவரி 15 அன்று கிடைத்தது 39.5 சதவீதம். ஜூலையில் அதே ஊர்களில் வாங்கியதை விடக் குறைவு. ஆனால் 'அலை திரும்பிவிட்டது' என்று பத்திரிகைகளில் முழங்கினார்கள். அந்தப் பிரச்சாரத்தின் இலக்கு வாக்காளர் இல்லை. பெர்லினில் பேரம் பேசிக்கொண்டிருந்த நாலைந்து பேர். முன்னாள் பிரதமர் பாப்பனும் பத்திரிகை முதலாளி ஹூகன்பெர்கும் ஹிட்லரைத் தங்கள் கைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று நம்பினார்கள். ஜனவரி 30 அன்று, அப்போது ஜனாதிபதியாக இருந்த ஹிண்டன்பர்க் ஹிட்லரைப் பிரதமராக நியமித்தார். பிரச்சாரம் கதவு வரை கொண்டுவந்தது. கதவைத் திறந்துவிட்டவர்கள் கோட்டு போட்ட கனவான்கள். அவர்களை மன்னிக்க என்னால் முடியவில்லை.

கரிசல்காடு: எதிர்த்தவர்கள் பதில் பிரச்சாரம் செய்யவில்லையா, அண்ணே?

செய்தார்கள். சோஷலிஸ்டுகளுக்காக ரஷ்யாவிலிருந்து வந்த விஞ்ஞானி சகோடின் மூன்று அம்பு சின்னத்தைப் பரப்பினார். சுவரில் ஸ்வஸ்திகாவைப் பார்த்தால் அதன் மேல் மூன்று கோடு கிழித்துவிட்டுப் போகலாம், யாருக்கும் முடியும். ஆனால் கட்சியின் மூத்தவர்கள், இதெல்லாம் தெருக்கூத்து என்று தயங்கினார்கள். 1932இல் வந்த போஸ்டரில் அந்த அம்புகள் பாப்பனையும் ஹிட்லரையும் குத்தின. மூன்றாவது அம்பு கம்யூனிஸ்ட் தலைவர் தேல்மனை. கம்யூனிஸ்டுகளோ சோஷலிஸ்டுகளைச் 'சமூக பாசிஸ்டுகள்' என்றார்கள். இருவருக்கும் சேர்த்து நவம்பரில் நாஜிகளை விட அதிக ஓட்டு இருந்தது.

ஆல்டோனா கலவரத்தைக் காரணம் காட்டி 1932 ஜூலை 20 அன்று, அப்போது பிரதமராக இருந்த பாப்பன் பிரஷ்ய மாநில அரசைக் கலைத்தார். ஜெர்மனியின் மிகப்பெரிய போலீஸ் படை சோஷலிஸ்டுகள் கையில் இருந்தது அங்கேதான். அவர்கள் நீதிமன்றம் போனார்கள், தெருவில் இறங்கவில்லை. 1933இல் அந்தப் படை நாஜித் தலைவர்களில் ஒருவரான கோரிங்கிடம் வந்தது. பிப்ரவரியில் அவர் நாஜிப் படையினரைத் துணைப் போலீஸாகச் சேர்த்து, கையில் துப்பாக்கியும் கொடுத்தார்.