அப்பாயியின் முழுக்கை ரவிக்கை

கேள்வி: அக்கா, நாங்கள் மயிலாடுதுறை பக்கம் ஒரு கிராமம். 25 வருடமாகச் சபைக்குப் போகிற குடும்பம். மகள் நர்சிங் முடித்துத் திருச்சியில் வேலையில் இருக்கிறாள். போன மாதம் லீவுக்கு வந்தவள் வலது மணிக்கட்டில் சிலுவை பச்சை குத்திக்கொண்டு வந்து நிற்கிறாள். பச்சை குத்தக் கூடாது என்கிற வேத வசனம், லேவியராகமம் 19:28ஐ எடுத்துக் காட்டினேன். பதில் பேசாமல் எழுந்து போய்விட்டாள். தப்பு என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. என் அம்மாவுக்கு அறியாத காலத்தில் குத்திய பச்சை இரண்டு கையிலும் இருக்கிறது. சாட்சி கெடக் கூடாது என்று முழுக்கை ரவிக்கை போட்டுத்தான் சபைக்குக் கூட்டிப்போகிறோம். அம்மாவும் ஒன்றும் சொன்னதில்லை. சின்ன வயதிலிருந்து ஞாயிறு காலையில் அப்பாயிக்கு அந்தக் கைப் பட்டனைப் போட்டுவிட்டதே இவள்தான். கிறிஸ்தவர்கள் பச்சை குத்தலாமா? லேசர் வைத்து அழிக்கச் சொல்லட்டுமா? அதுவரை சபையில் அப்பமும் ரசமும் பகிர்கிற திருவிருந்து எடுக்காமல் இருக்கச் சொல்லட்டுமா?

பதில்: தம்பி, இந்தக் கேள்வியை நீங்கள்தான் முதலில் கேட்கிறீர்கள் என்று இல்லை. நாகப்பட்டினத்திலிருந்து வரும், கும்பகோணத்திலிருந்து வரும், மன்னார்குடியிலிருந்து வரும். பெரும்பாலும் அப்பாக்கள் எழுதுவார்கள். ஒரு வசனத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்கு என் கையெழுத்தும் வேண்டும் என்று கேட்பார்கள். உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்று தடவையும் அந்தக் கைப் பட்டனில் வந்து நின்றுவிட்டேன். அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் போனால் நான் நழுவுகிறேன் என்று நினைப்பீர்கள். அதனால் அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

நீங்கள் காட்டிய வசனம் எப்படித் தொடங்குகிறது? "செத்தவனுக்காக உங்கள் சரீரத்தைக் கீறிக்கொள்ளாமலும்" என்று. துக்க வீட்டில் உடம்பைக் கீறிக்கொள்வதும் குறி குத்திக்கொள்வதும் அக்கம்பக்கத்து ஜனங்களின் வழக்கம்; அதை நீங்கள் செய்யாதீர்கள் என்று இஸ்ரவேலருக்குச் சொன்னது. அதற்கு முந்தின வசனம் தாடியின் ஓரத்தைக் கத்தரிக்காதே என்கிறது. அதை உங்கள் சபையில் யாரும் கட்டளையாகப் பிடித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். யூதரல்லாத புறஜாதியிலிருந்து விசுவாசத்துக்கு வந்தவர்கள் மோசேயின் நியாயப்பிரமாணத்தில் எதை எல்லாம் சுமக்க வேண்டும் என்று எருசலேமில் கூடி முடிவு செய்தார்களே, அப்போஸ்தலர் 15ஆம் அதிகாரம், அதை எடுத்துப் பாருங்கள். விக்கிரகங்களுக்குப் படைத்தது, இரத்தம், நெருக்குண்டு செத்தது, வேசித்தனம் என்று நான்கு விஷயம் சொல்லி அனுப்பினார்கள். பச்சை அதில் இல்லை.

எகிப்தில் காப்டிக் கிறிஸ்தவர்கள் தலைமுறை தலைமுறையாக வலது மணிக்கட்டில்தான் சிலுவையைக் குத்திக்கொள்கிறார்கள், சின்னக் குழந்தைகளுக்குக்கூட. எருசலேமுக்குப் போன யாத்திரிகர்கள் போய் வந்த அடையாளமாகக் கையில் குத்திக்கொண்டு திரும்பிய வழக்கமும் பல நூறு வருடப் பழசு. உங்கள் மகள் குத்திக்கொண்ட இடமும் அதே வலது மணிக்கட்டுதான். 2018 மார்ச்சில் ரோமில் நடந்த இளைஞர் கூட்டத்தில் இதே கேள்வி போப் பிரான்சிஸிடம் வந்தது. பச்சையைக் கண்டு பயப்பட வேண்டாம், எரித்திரியக் கிறிஸ்தவர்கள் நெற்றியிலேயே சிலுவை குத்தியிருக்கிறார்கள், அளவு மீறுவதுதான் பிரச்சினை, அந்தப் பச்சையையே வைத்து அந்தப் பிள்ளையோடு பேச்சைத் தொடங்கலாம் என்ற பொருளில் பதில் சொன்னார். நீங்கள் கத்தோலிக்கர் இல்லை, போப் சொன்னது உங்களைக் கட்டாது. கடைசியாகச் சொன்ன யோசனையை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

என் மனசில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பச்சை குத்துவது பிடிக்காது. என் பேத்தி கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். எதையும் செய்ய நமக்கு அதிகாரம் உண்டு, ஆனால் எல்லாம் தகுதியாயிராது என்று பவுல் எழுதியது எனக்குப் போதும். உங்கள் போதகர் எங்கள் சபையில் வேண்டாம் என்றால் அது சபை ஒழுங்கு. அந்தச் சபையில் இருக்கிறவர்கள் மதிக்கத்தான் வேண்டும். ஆனால் சபை ஒழுங்கை வேதத்தின் கட்டளை என்று சொல்லாதீர்கள். இரண்டும் ஒன்றில்லை. திருவிருந்தைத் தடுக்கிற அதிகாரம் அப்பாவிடம் கிடையாது. அந்தப் பேச்சையே வீட்டில் எடுக்காதீர்கள்.

சரி, இப்போது கைப் பட்டனுக்கு வருகிறேன்.

அம்மாவின் வயதை நீங்கள் எழுதவில்லை. உங்கள் மகளே வேலைக்குப் போகிறவள் என்றால் அவருக்கு எழுபதுக்குக் குறையாது. நம் டெல்டா வெயில் எனக்குத் தெரியும். சித்திரை வைகாசியில் காலை பத்து மணிக்கே ஓட்டுக் கூரைக்குக் கீழே உட்கார முடியாது. அந்த வயதில் அவரை மணிக்கட்டுவரை துணியால் மூடி, பட்டன் போட்டு, ஜெபத்தில் உட்கார வைக்கிறீர்கள். எத்தனை ஞாயிறு, தம்பி? வருடத்துக்கு 52 என்றால் 25 வருடத்துக்கு 1,300. அத்தனை தடவையும் உன் கை அசிங்கம், மூடிக்கொள் என்று பெற்ற தாயிடம் சொல்லியிருக்கிறீர்கள். வாயால் சொல்லவில்லை, தையல்காரரிடம் அளவு கொடுத்துச் சொல்லியிருக்கிறீர்கள்.

அம்மா ஒன்றும் சொன்னதில்லை என்று அதைப் பெருமைபோல எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் வயிற்றைப் பிசைகிறது. நம் பக்கத்துத் தாய்மார்கள் என்றைக்குச் சொல்லியிருக்கிறார்கள்? குழம்பில் உப்பு இல்லை என்றாலும் சொல்ல மாட்டார்கள், மருமகள் தட்டில் மீன் வைக்க மறந்தாலும் சொல்ல மாட்டார்கள். பிள்ளைக்கு நாலு பேர் முன்னால் தலைகுனிவு வரக் கூடாது என்று கையை நீட்டிக் கொடுத்திருக்கிறார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டீர்கள்.

அந்தக் கை என்ன செய்த கை என்று எனக்கு நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. நான் பொறையாறு பக்கம் பிறந்தவள். அறுப்பு முடிந்து களத்தில் நெல் கிடக்கும் நாளில் பச்சை குத்தும் பெண்கள் ஊருக்கு வருவார்கள். விளக்குக் கரியைப் பச்சிலைச் சாறு விட்டுக் குழைத்து, ஊசியால் தொட்டுத் தொட்டுக் குத்துவார்கள். கூலி நெல்தான். கோலம் இருக்கும், தேள் இருக்கும், வெறும் புள்ளிகளும் இருக்கும். வலி தெரியாமல் இருக்கப் பாட்டுப் பாடிக்கொண்டே குத்துவார்கள். நகை போட வசதி இல்லாத வீட்டுப் பெண்ணுக்கு யாரும் கழற்றி அடகு வைக்க முடியாத நகை அது ஒன்றுதான். செத்தால் கூடவே வருவது பச்சை மட்டும்தான் என்று என் அம்மா சொல்வார். என் அம்மாவின் இரண்டு கையிலும் இருந்தது. தரங்கம்பாடிப் பக்கம் நாங்கள் லுத்தரன் சபை. அம்மா அரைக்கை ரவிக்கையோடுதான் பீடத்துக்குப் போய்க் கை நீட்டுவார். எங்கள் சபை ஐயர், அதாவது போதகர், ஒருநாளும் அந்தக் கையைப் பார்த்து முகம் சுளித்ததில்லை. அப்பத்தை அந்த உள்ளங்கையில்தான் வைத்தார்.

நாற்றுப் பறித்து, நடவு நட்டு, களை எடுத்து உங்களை ஆளாக்கிய கையாக உங்கள் அம்மாவின் கையும் இருக்கலாம். அல்லது வீட்டுக்குள்ளேயே தேய்ந்த கையாக இருக்கலாம். எப்படி இருந்தாலும் நீங்கள் சோறு வாங்கித் தின்ற கை. சாட்சி கெடும் என்கிறீர்கள். அந்தக் கையைப் பார்த்து யாருடைய விசுவாசம் கெடும்? கிறிஸ்துவிடம் வருவதற்கு முன்னால் அந்த அம்மாவுக்கு ஒரு வாழ்க்கை இருந்தது, அதற்கப்புறமும் அவரைத் தேவன் ஏற்றுக்கொண்டார் என்பதற்கு அந்தக் கையைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்?

நீங்கள் 28ஆம் வசனத்தை மட்டும் மகளுக்குக் காட்டினீர்கள். அதே அதிகாரத்தை முதலிலிருந்து படியுங்கள். பரிசுத்தராக இருங்கள் என்று சொன்ன கையோடு வருகிற முதல் கட்டளை, மூன்றாம் வசனம், தாய்க்கும் தகப்பனுக்கும் பயந்திருக்கச் சொல்கிறது. அதிலும் தாயை முதலில் வைத்திருக்கிறது. ஒன்பதாம், பத்தாம் வசனங்கள் வயலின் ஓரத்தை முழுக்க அறுக்காதே, சிந்தின கதிரைப் பொறுக்காதே, அது ஏழைக்கு என்கின்றன. அறுப்பு மெஷின் வருவதற்கு முன்னால் தாளடியில் கதிர் பொறுக்கிய பெண்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த வசனங்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. பதின்மூன்றாம் வசனம் கூலிக்காரன் கூலியை விடியும்வரை உன்னிடம் வைத்துக்கொள்ளாதே என்கிறது. கடைசியாக 28லிருந்து நான்கே வசனம் கீழே இறங்கி வாருங்கள். "நரைத்தவனுக்கு முன்பாக எழுந்து, முதிர்வயதுள்ளவன் முகத்தைக் கனம்பண்ணி" என்று இருக்கும். உங்கள் வேதாகமத்தில் இரண்டும் ஒரே பக்கத்திலேயே இருக்கலாம். மகளின் மணிக்கட்டுக்கு வசனம் தேடியபோது அது கண்ணில் படவில்லையா?

மகள் பதில் பேசாமல் எழுந்து போனாள் என்கிறீர்கள். கடிதம் முழுக்கத் தேடினேன், ஏன் குத்திக்கொண்டாய் என்று நீங்கள் கேட்டதாக ஒரு வரி இல்லை. வசனத்தை நீட்டியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். அவள் மனசில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது, ஊகித்து எழுதவும் மாட்டேன். ஆனால் அப்பாயிக்குப் பட்டன் போட்டுவிட்டவளுக்குத் தப்பு என்று தெரியாதா என்று கேட்கிறீர்களே, அவள் விரல் அந்தப் பட்டனைப் போடும்போது என்ன கற்றுக்கொண்டிருக்கும் என்று ஒரு ராத்திரி உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். வயதானவர்களை எப்படி நடத்த வேண்டும் என்று பிள்ளைகள் நம்மைப் பார்த்துத்தான் பழகுகிறார்கள். நாளைக்கு நமக்கும் யாராவது பட்டன் போட வருவார்கள்.

மகளுக்கும் சொல்ல இருக்கிறது, இதை அவளிடம் காட்டுங்கள். பாப்பா, சம்பாதிக்க ஆரம்பித்துவிட்டாலும் உடம்பில் ஆயுசுக்கும் அழியாத ஒன்றைப் பதிப்பதற்கு முன்னால் அப்பா அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அனுமதி கேட்கவில்லை என்பதற்காகச் சொல்லவில்லை. சொல்லாமல் வந்து கையைக் காட்டினது அவர்களை வெளியாள் ஆக்கிவிட்டது. ஊசி புதிதா, மை வேறு யாருக்கும் தொட்டதா என்று நர்ஸான நீ பார்த்திருப்பாய். சந்தேகம் இருந்தால் ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள். ஒரு வருடத்துக்கு இரத்த தானம் செய்யாதே.

தம்பி, லேசர் வைக்கச் சொல்லி அவளைக் கட்டாயப்படுத்தாதீர்கள். அது பல தவணையாக, நடுவில் சில வாரம் விட்டு விட்டுச் செய்ய வேண்டிய வைத்தியம். அப்படியும் தடம் முழுக்கப் போகும் என்று இல்லை. என்றைக்காவது அவளுக்கே வேண்டாம் என்று தோன்றினால் தோல் டாக்டரிடம் போகட்டும், பார்லருக்குப் போக வேண்டாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் அம்மாவிடம் போய் உட்காருங்கள். மகளும் பக்கத்தில் இருக்கட்டும். இத்தனை வருடம் உன் கையை மூட வைத்தேன், தப்பு பண்ணிவிட்டேன், மன்னித்துக்கொள் என்று மகள் காது கேட்கச் சொல்லுங்கள். பச்சை பற்றி மகளிடம் பேசுவதெல்லாம் அதற்கப்புறம். அன்றைக்கே துணி எடுத்துக்கொண்டு தையல்காரரிடம் போங்கள், கை முழங்கைக்கு மேலே நிற்கும்படி அளவு கொடுங்கள். இருக்கிறதே போதும், எதற்குப் புதுசு என்று அம்மா சொல்லுவார். கேட்காதீர்கள், தைத்துக் கொடுங்கள்.